பழைய நோட்டும் மாநகர மன்றமும்: 1967ஆம் ஆண்டுப் பினாங்குக் கடையடைப்பும் விலைவாசி அரசியலும்

முன்னுரை

மலேசிய வரலாற்றைக் கற்பிக்கும் நூல்களில் 1967 நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் நடைபெற்ற கடையடைப்பு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அதுவும் 1969 மே 13க்கு முன்னோட்டமாக நிகழ்ந்த இனக்கலவரம் என்ற அளவிலேயே சொல்லப்படுகிறது. இன்னொரு சாரார் அதனைத் தொழிற்கட்சிக்குள் ஊடுருவியிருந்த தீவிரவாதிகளின் செயல் என்று எழுதிச் செல்வர். இவ்விரு விளக்கங்களிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அந்தக் கடையடைப்பு எதற்காக அறிவிக்கப்பட்டது என்னும் எளிய வினாவுக்கு இவை விடை தருவதில்லை. மக்கள் கையிலிருந்த பணத்தின் மதிப்பு ஓரிரவில் குறைந்ததே அதன் காரணம். ஆகவே அதனை விலைவாசி அரசியலின் வரலாற்றில் வைத்தே முதலில் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஓர் எதிர்க்கட்சி குடிமக்களின் அன்றாடச் செலவுச் சுமையை எவ்வழியாக ஆட்சியாளரிடம் கொண்டு சேர்த்தது, அவ்வழி அடைபட்டபோது என்ன நேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். தமிழர் வரலாறு எழுதுவோர் பினாங்கு என்றதும் தண்ணீர்மலைக் கோயிலையும் செட்டியார் கிட்டங்கிகளையும் நினைக்கும் அளவுக்கு அதன் மாநகர மன்றத்தை நினைப்பதில்லை. அம்மன்றத்தின் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன் என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

மன்றம் இருந்த காலம்

போருக்குப் பிந்தைய மலாயாவின் முதல் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்திற்கே நடைபெற்றது. தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என்னும் மூன்று வட்டாரங்களுக்கு ஒன்பது உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ரேடிக்கல் கட்சி ஆறு இடங்களை வென்றது. தொழிற்கட்சிக்கு ஓரிடமே கிட்டியது. சில ஆண்டுகளிலேயே நிலை மாறியது. 1957 சனவரி 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன், மலாயாவின் முதல் மாநகராக உயர்ந்தபோது மன்றம் தொழிற்கட்சியின் கையில் இருந்தது. அக்கட்சியைச் சார்ந்த இராமநாதன் மேயர் பொறுப்பை ஏற்றார். 1961 வரை அவரும் அவருக்குப் பின் ஊய் தியாம் சியூ, சூய் இயூ சோய் ஆகியோரும் அப்பொறுப்பில் இருந்தனர். கூட்டரசிலும் மாநிலத்திலும் எதிர்க்கட்சியாக இருந்த ஓர் இயக்கம் நாட்டின் செல்வமிக்க ஊராட்சி மன்றங்களுள் ஒன்றை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நடத்தியது.

இம்மன்றம் என்னென்ன பணிகளை ஆற்றியது என்பதை நினைவுகூர்வது இன்றியமையாதது. குடிநீரும் மின்சாரமும் அதன் பொறுப்பில் இருந்தன. பேருந்துகளையும், 1961 வரை மின்கம்பி வழி ஓடிய டிரோலி பேருந்துகளையும் அதுவே இயக்கியது. சந்தைக் கடை வாடகை, அங்காடிக்காரர் உரிமம், வீட்டு மதிப்பீட்டு வரி, துப்புரவு ஆகியவற்றையும் அதுவே முடிவு செய்தது. சுருங்கக் கூறின், ஒரு தொழிலாளர் குடும்பத்தின் மாதச் செலவில் அரிசி, துணி, வீட்டு வாடகை ஆகியவை நீங்கலாக எஞ்சியவற்றுள் பெரும்பகுதி மாநகர மன்றத்தின் தீர்மானத்தைச் சார்ந்திருந்தது. வாடகையும் போருக்கு முந்தைய கட்டடங்களைப் பொறுத்தவரை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அடக்கி வைக்கப்பட்டிருந்தது.

எனவே வட்டார உறுப்பினர் ஒருவரிடம் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றியோ பேருந்துக் கட்டணத்தைப் பற்றியோ முறையிட்ட குடியிருப்பாளர், விடையளிக்கும் அதிகாரம் உடைய ஒருவரிடமே முறையிட்டார். அவ்வுறுப்பினர் அதனை மன்றக் கூட்டத்தில் எழுப்பலாம்; வாக்கெடுப்பில் வெல்லலாம் அல்லது தோற்கலாம். தோற்றாலும் அடுத்த தேர்தலில் அதனை மீண்டும் பேசலாம். விலைவாசி என்னும் பெரிய சொல் இங்கே தண்ணீர்க் குழாய், விளக்கு, பேருந்துச் சீட்டு என்று சிறுசிறு பொருள்களாகப் பிரிந்து நின்றது. அவ்வாறு பிரிந்து நின்றமையால் அதற்கு இனச்சாயம் எளிதில் ஏறவில்லை என்பது நம் துணிபு. சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு நகரில் தமிழர் ஒருவர் முதல் மேயராக அமர்ந்ததை இவ்வரசியலோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முன்னாளில் ஸ்காட் சாலை எனப்பட்ட தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதனைக் கடந்து செல்லும் நம்மவர் பலருக்கு அவர் யார் என்பது தெரியாது.

மன்றத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க நாம் விரும்பவில்லை. கட்சிப் பூசல்கள் இருந்தன. நிருவாகச் சீர்கேடு பற்றிய குற்றச்சாட்டுகளும் எழுந்தன. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965 மார்ச்சில், கூட்டரசு நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தது. 1966இல் கூட்டணிக் கட்சியின் மாநில அரசு ஜார்ஜ் டவுன் மாநகர மன்றத்தின் அதிகாரங்களைத் தன்வயப்படுத்திக் கொண்டது. அப்போது வோங் பாவ் நீ முதலமைச்சராக இருந்தார். முறையீடுகளைப் பெற்று விடையளிக்கும் இடம் அன்றோடு எதிர்க்கட்சியின் கையை விட்டுப் போயிற்று. நாடாளுமன்றத்திலோ 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் சோசலிஸ்ட் முன்னணி நாடு முழுவதற்குமாக இரண்டே இடங்களைப் பெற்றிருந்தது. அவற்றுள் ஒன்று பினாங்கின் டத்தோ கெராமாட்; அதன் உறுப்பினர் லிம் கியான் சியூ. பின்னர் முன்னணியும் கலைந்தது. கட்சி உறுப்பினர் பலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காவலில் இருந்தனர். மன்றத்தை இழந்த தொழிற்கட்சியில், தேர்தல் அரசியலில் நம்பிக்கை இழந்தவர்களின் குரலே ஓங்கியது.

எண்பத்தைந்து காசு

1967 சூன் 12ஆம் நாள் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. அதுவரை வழங்கிய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியத்தின் பழைய நோட்டுகளும் உடன் செல்லுபடியாயின. பழையதும் புதியதும் சரிசமமாக மாற்றிக் கொள்ளத்தக்கவை என்பதே மக்களுக்குத் தரப்பட்டிருந்த உறுதி. இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்ததைச் சாமானியர் அறிந்திருக்க நியாயமில்லை. பழைய நோட்டு பிரிட்டிஷ் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தது. புதிய வெள்ளி அவ்வாறு பிணைக்கப்படவில்லை.

நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் பவுனின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. இது 14.3 விழுக்காட்டு வீழ்ச்சியாகும். பவுனைத் தொடர்ந்து பழைய நோட்டும் வீழ்ந்தது. பழைய ஒரு வெள்ளி, புதிய வெள்ளியில் 85 காசாயிற்று. நிதியமைச்சர் டான் சியூ சின்னின் அரசு புதிய வெள்ளியின் மதிப்பைக் குறைக்காமல் காத்தது. நாட்டின் நிதி நிலைமையை எண்ணினால் அது பொறுப்பான முடிவே. ஆனால் அம்முடிவின் விலையை யார் கொடுத்தனர்?

வங்கிக் கணக்கு உடையோரும் பெரிய வணிக நிறுவனத்தாரும் புதிய நோட்டுக்கு மாற எளிதில் வழி இருந்தது. வீட்டில் பணத்தைச் சேர்த்து வைத்தோர், சில்லறைக் கடைக்காரர், மீனவர், அங்காடிக்காரர், சீட்டுப் பணம் பிடித்தோர் ஆகியோரிடமே பழைய நோட்டுகள் தங்கியிருந்தன. நாற்பது வெள்ளியைப் பழைய நோட்டாக வைத்திருந்த கூலித் தொழிலாளி ஓரிரவில் ஆறு வெள்ளியை இழந்தார். ஏழ்மை மிகுதியாக இருந்த இடத்தில் இழப்பின் விகிதமும் மிகுதியாக இருந்தது. பினாங்கோ ஏற்கெனவே நொடிந்திருந்தது. மோதல் காலத்தில் சுமத்திராவுடனான வணிகம் தடைப்பட்டது. 1786 முதல் நிலவிவந்த தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி படிப்படியாகத் தேய்ந்து, 1969இல் முற்றாக நீங்கவிருந்தது. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த நகரில் வேலையின்மை பெருகியிருந்தது.

இதே நாணயத்தைப் பயன்படுத்திய சிங்கப்பூரிலும் பழைய நோட்டின் மதிப்பு அவ்வாறே குறைந்தது. அங்கே இரத்தம் சிந்தப்படவில்லை. ஆகவே இழப்பு மட்டுமே கலவரத்திற்குப் போதிய காரணம் எனல் பொருந்தாது. அதனை வெளியிட மேற்கொள்ளப்பட்ட வழிமுறையையும் நோக்க வேண்டியுள்ளது.

கடையடைப்பு என்னும் கருவி

'ஹர்த்தால்' என்னும் சொல் 1919 ஏப்ரலில் ரௌலட் சட்டத்திற்கு எதிராகக் காந்தியடிகள் விடுத்த அழைப்பின் வழியே உலகறிந்த அரசியற் சொல்லாயிற்று. மலாயாவில் 1947 அக்டோபர் 20ஆம் நாள் அரசியலமைப்பு முன்மொழிவுகளை எதிர்த்து நாடளாவிய ஹர்த்தால் நடைபெற்றது. அதனை நடத்திய கூட்டமைப்பில் ஜான் திவியின் காலத்து மஇகா இடம்பெற்றிருந்தது. சீன வணிகர் சங்கங்களும் ஆதரவு நல்கின. கடை அடைப்போரே முன்வந்து அடைத்தமையால் அது அமைதியாக முடிந்தது.

விலைவாசிக்காக நடந்த ஹர்த்தாலுக்கு நம் அண்டையிலுள்ள இலங்கையே சிறந்த சான்று. பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் 1953 ஆகஸ்டு 12ஆம் நாள் அழைப்பு விடுத்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அப்போராட்டம் சிங்களர், தமிழர் மோதலாக மாறவில்லை. அரிசி விலை எல்லாருடைய அடுப்பையும் ஒன்றுபோலத் தாக்கியது. எதிரியாகத் தெரிந்தது அரசு ஒன்றே. தமிழகத்தில் 1967 பிப்ரவரியில் அண்ணா தலைமையிலான தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் முழக்கத்தோடு வாக்குச் சாவடி வழியாகவே ஆட்சிக்கு வந்தது. வாக்குறுதியை முழுமையாக நிறைவேற்ற இயலவில்லை என்பது வேறு செய்தி. விலைவாசிக் குறைக்குத் தேர்தல் ஒரு வடிகாலாக அமைந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

பினாங்கில் ஊராட்சித் தேர்தல் இல்லை; மன்றமும் இல்லை. தொழிற்கட்சி நவம்பர் 24ஆம் நாள், வெள்ளிக்கிழமை, கடையடைப்புக்கு அழைத்தது. இங்கேதான் அக்கட்சியின் கணிப்புப் பிழைத்தது என நாம் கருதுகிறோம். கடையடைப்பின் சுமை முதலில் விழுவது கடைக்காரர் மீது. அடுத்து விழுவது அன்றாடம் பொருள் வாங்கிப் பிழைப்போர் மீது. பினாங்கில் கடைக்காரருள் பெரும்பாலோர் சீனர். ஆகவே கடையைத் திற, மூடு என்னும் வாக்குவாதம் பழைய நோட்டைப் பற்றியதாக நெடுநேரம் நீடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அது இனத்தைப் பற்றியதாகத் திரிந்துவிட்டது. மலாய்க்காரர், சீனர் மோதல் தீவிலிருந்து பெருநிலத்திற்கும் பரவியது. ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். பழைய நோட்டில் சேமித்திருந்த மலாய் மீனவரும் சீன அங்காடிக்காரரும் ஒரே விழுக்காட்டை இழந்தவர்கள். அவ்வொற்றுமையைச் சொல்லி நிறுத்த வட்டாரந்தோறும் ஆள் இருந்த காலம் ஓராண்டுக்கு முன்னரே முடிந்து போயிருந்தது.

தொழிற்கட்சியின் பொறுப்பை நாம் மறைக்க முற்படவில்லை. இனவாரியாகத் தொழில் பிரிந்து கிடந்த நகரில் தெருவை மட்டுமே நம்பி இறங்குவதன் விளைவை அத்தலைமை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அதே வேளையில், சரிசமம் என்று சொல்லி ஐந்தே மாதங்களில் சொல் தவற நேர்ந்த அரசு, ஏழைகளின் சிறு தொகைகளுக்கேனும் ஈடு அளிக்கும் வழியை முன்கூட்டியே வகுத்திருக்கலாம் என்பதையும் வரலாற்றாசிரியர் எழுதத்தான் வேண்டும். இரண்டையும் எழுதத் தயங்கியதாலேயே இந்நிகழ்வு இனக்கலவரம் என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிப் போயிற்று.

பின்விளைவுகள்

கடையடைப்பைத் தொடர்ந்து தொழிற்கட்சியினர் பலர் கைதாயினர். கட்சி 1969ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைப் புறக்கணித்தது. 1972இல் அதன் பதிவு நீக்கப்பட்டது. அது விட்டுச் சென்ற இடத்தை 1968 மார்ச்சில் தோன்றிய கெராக்கான் நிரப்பியது. லிம் சோங் இயூ, டான் சீ கூன், சையட் உசேன் அலாத்தாஸ் ஆகியோரோடு வி. வீரப்பனும் அதன் நிறுவனர்களுள் ஒருவர். முன்னாளில் தொழிற்கட்சியில் இருந்த தொழிற்சங்கவாதி வி. டேவிட் 1969இல் டத்தோ கெராமாட் தொகுதியைக் கெராக்கான் சார்பில் வென்றார். வேலையின்மையையும் துறைமுகத்தின் நலிவையும் முன்னிறுத்திப் பரப்புரை செய்த கெராக்கான் அத்தேர்தலில் மாநில ஆட்சியைப் பிடித்தது. 1972இல் கூட்டணியோடு இணைந்தது. மாநகர மன்றத் தேர்தலோ திரும்பவில்லை.

விலைவாசியைக் கட்சி சாராத முறையில் பேசும் பொறுப்பை 1970ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஏற்றுக் கொண்டது. அதனை நெடுங்காலம் வழிநடத்திய எஸ்.எம். முகமது இத்ரீஸ் தமிழ் முஸ்லிம் சமூகத்தைச் சார்ந்தவர், 2019இல் மறைந்தார். குடியிருப்பாளரின் முறையீட்டைப் பெற்று உரியவரிடம் கொண்டு செல்வதே அச்சங்கத்தின் அன்றாடப் பணி. அப்பணி ஒரு காலத்தில் வட்டார உறுப்பினருக்கு உரியதாக இருந்தது. 1990களின் இறுதியில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 சனவரி முதல் நகரின் பழைய வீடுகளில் வாடகை உயர்ந்தபோதும் குடியிருப்பாளர் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று அங்கு இல்லை.

இவ்வரலாற்றில் தமிழாசிரியர்கள் கருத்திற் கொள்ளத்தக்க ஆவணம் ஒன்று உண்டு. ஊராட்சி மன்றங்களைப் பற்றி ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் மஇகாவின் ஆதி. நாகப்பன். 1968 டிசம்பரில் அளிக்கப்பட்டு 1971இல் வெளியிடப்பட்ட அவ்வறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆளுங்கூட்டணியைச் சார்ந்த ஒருவர் எதிர்க்கட்சியின் கோரிக்கைக்கு இசைவான முடிவை எட்டினார் என்பது அவருடைய நடுநிலைமைக்குச் சான்று. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலை அகற்றி நியமனத்தை நிலைநாட்டியது. 2008இல் ஆட்சிக்கு வந்த மக்கள் கூட்டணியின் பினாங்கு மாநில அரசு 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கென ஒரு சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்திற்கு அவ்வதிகாரம் இல்லை எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பினாங்குத் தீவு மாநகர மன்றம் என்னும் பெயர் மீண்டும் வழக்கிற்கு வந்தது. அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்களே.