பிரேக் மிதியும் ரப்பர்க் கிண்ணமும்

மோட்டார் பட்டறைகளோடு நெடுநாள் பழகியவர்கள் எல்லோரும் ஒரு காட்சியை அறிவார்கள். பழைய பிரேக் ஆயிலை மாற்றி, நான்கு சக்கரங்களிலும் நிப்பிளைத் திறந்து மூடி, குழாய்களில் புகுந்திருந்த காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு மேஸ்திரி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து பெடலின்மேல் காலை வைத்தால், அதுவரையில் பாதியளவிலாவது நின்றுகொண்டிருந்த அந்தப் பெடல், இப்போது மெல்ல மெல்ல அமிழ்ந்து தரைத் தகட்டைத் தொட்டுவிடுகிறது. வேலைக்குக் கொடுப்பதற்கு முன் இருந்த நிலையே தேவலை என்று வண்டிக்காரர் மனம் நோகிறார். இன்னும் எங்கோ காற்று மிச்சமிருக்கிறது என்று பையன் மறுபடியும் குப்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் நுழைகிறான். இந்தச் சங்கடத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தை அறிந்தவனுக்குக் கோளாறு இருக்கும் இடமும் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்ற தத்துவத்தைப் பிரெஞ்சு ஞானி பாஸ்கல் விளக்கினார். அவர் காலமான மறு வருஷம், 1663-ல், அந்த நூல் அச்சாயிற்று. 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அதே தத்துவத்தைக் கொண்டு நீரழுத்த யந்திரம் செய்தார். ஆயினும் மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் பிரேக்குகளை இழுத்தவை இரும்புக் கம்பிகளும் எஃகுக் கயிறுகளுமே. ஒரு சக்கரத்தின் கம்பி சற்றே தளர்ந்திருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். நான்கையும் ஒரே சீராக முறுக்கி வைப்பது கைதேர்ந்தவனுக்கும் ஓயாத வேலையாக இருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். பின்னால் விமானத் தொழிலில் உலகப் புகழ் பெற்ற லாக்ஹீட் என்ற பெயரும் அவருக்கும் அவர் சகோதரருக்கும் உரியதே. 1917-ல் அவர் திரவ பிரேக்குக்குப் பேடண்ட் பெற்றார். 1921-ல் பிரான்ஸின் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் பூண்ட டூசன்பர்க் வண்டியை ஓட்டி ஜிம்மி மர்பி வெற்றி பெற்றபோது அந்த முறை ஐரோப்பாவின் கண்முன்னே பரீட்சை தேறியது. அதே காலத்தில் டூசன்பர்க் கம்பெனியார் தங்கள் பிரயாணிக் காரிலும் அதை அமைத்து விற்கத் தலைப்பட்டார்கள்.

ஆனால் லாக்ஹீட்டின் அமைப்பில் ஒரு தீராத பலவீனம் இருந்தது. சிலிண்டருக்குள் பிஸ்டனோடு சென்று திரவத்தைப் பின்வாங்காமல் தடுத்து நிறுத்த வேண்டிய கிண்ணங்கள் பதப்படுத்தாத தோலால் ஆனவை. தோல் காய்ந்தால் சுருங்கும், ஊறினால் தளரும். அதன் ஓரம் சிலிண்டரின் சுவரோடு ஒட்டாத இடத்தில் திரவம் கசியும். 1924-ல் வெளிவந்த கிரைஸ்லர் வண்டிக்காக அந்தக் கம்பெனியின் இஞ்சினீயர்கள் தோலை நீக்கி ரப்பர்க் கிண்ணத்தை அமைத்த பிறகுதான் திரவ பிரேக் சாமான்ய ஜனங்களின் வண்டிக்கு உரிய சாதனமாயிற்று. மகத்தான பேடண்டைவிடக் கட்டைவிரல் அகலமுள்ள அந்த ரப்பர்த் துண்டையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஹென்றி போர்டு மட்டும் எஃகு இணைப்பின் உறுதியையே நம்பி நெடுங்காலம் பிடிவாதமாக நின்றார். 1939-ம் வருஷத்து மாடலில்தான் போர்டு கார் திரவ பிரேக்கை ஏற்றது.

ரப்பர் வந்ததும் அதற்கேற்ற திரவம் வேண்டியிருந்தது. சாதாரண இஞ்சின் எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிப் பாழாகிவிடும். ஆகையால் ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹாலைக் கலந்து உபயோகித்தார்கள். பிற்காலத்தில் வந்த கிளைக்கால் திரவம் அதிக உஷ்ணத்தைத் தாங்கினாலும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது. டாட் 3 என்ற தரத்தின்படி புதுத் திரவம் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரமேறிய பின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. அந்த ஈரந்தான் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்வதும்.

திரவம் வந்த அன்றே காற்றெடுக்கும் தொழிலும் பிறந்தது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும், குழாயில் ஒரு குமிழி நின்றாலும் காலின் பலத்தை அது விழுங்கிக்கொள்ளும். என் இளமையில் ஒரு சிறு பட்டறையில் அந்த வேலையை அருகிருந்து பார்த்திருக்கிறேன். பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் மேஸ்திரி தொடங்குவார். நிப்பிளில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் மூழ்க வைத்துவிட்டு, “தம்பி, அழுத்து… பிடி… விடாதே” என்பார். நிப்பிள் திறந்ததும் பழுப்பு நிறத் திரவம் கொப்புளங்களோடு குப்பியில் இறங்கும். அதை மூடிய பிறகே, “இப்ப விடு” என்ற வார்த்தை வரும். “இறங்கிடுச்சு அண்ணே” என்று மேலேயிருந்து பையன் பதில் சொல்வான். பெடலுக்கு அடியில் அவர் ஒரு மரக்கட்டையை வைத்திருந்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

தினசரி ஓட்டத்தில் அந்த ரப்பர்க் கிண்ணம் மாஸ்டர் சிலிண்டரின் முற்பகுதியில் சிறிது தூரந்தான் போய்வருகிறது. அது தேய்த்துச் செல்லும் இடம் பளபளவென்றிருக்க, அப்பால் அது எட்டாத இடத்தில் வருஷக்கணக்காகக் கசடும் துருவும் படிகின்றன. காற்றெடுக்கும்போது பெடலைத் தரைமட்டும் மிதித்தால், கிண்ணம் அந்தக் கரடுமுரடான பகுதியில் ஏறி இறங்கித் தன் மெல்லிய உதட்டைக் கிழித்துக்கொள்கிறது. அதன்பின் அழுத்தப்பட்ட திரவம் வெளியே ஒரு சொட்டும் கசியாமல், கிண்ணத்தைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது, பெடல் அமிழ்கிறது. அன்று தோல் செய்த பிழையையே இன்று கிழிந்த ரப்பர் செய்கிறது. மரக்கட்டை அந்த மேஸ்திரியின் முன்னெச்சரிக்கை.

அவர் கோளாறைக் கண்டுபிடித்த முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் பெடல் உயர்ந்து நிற்குமாயின் குற்றம் காற்றிலோ, டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே கூடிப்போன இடைவெளியிலோ இருக்கும். ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டிருக்கையில் நிதானமாக அமிழ்ந்துகொண்டே போய், எந்தச் சக்கரத்திலும் குழாயிலும் ஈரம் காணாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரையே சந்தேகிப்பார். அதன் வாய்களை அடைத்துவிட்டு மிதித்துப் பார்ப்பார். அப்போதும் பெடல் இறங்கினால் தீர்ப்பு முடிந்தது. கல்லைப்போல நின்றால் மட்டுமே ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கவ்வி அப்பால் தேடுவார். டிஸ்க் பிரேக் வந்த பிறகு இன்னொரு தவறும் சேர்ந்தது: இடது வலது காலிப்பர்களை மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விடும், மேலே தங்கிய காற்று எத்தனை குப்பி ஆயில் ஊற்றினாலும் வராது.

1962-ல் சென்னைக்கருகே பாடியில் டி.வி.எஸ். குழுமத்தாரும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். இந்த உறுப்புகளைச் செய்யும் தொழில் அவ்வாறு நம் ஊரிலேயே வேரூன்றியது. அக்காலப் பட்டறைகளில் சிலிண்டரை மாற்றாமல் ‘கிட்’ வாங்கி ரப்பரை மட்டும் மாற்றுவது வழக்கம். சுவர் வழவழப்பாயிருந்தால் அது நல்ல சிக்கனம். துருக்குழி விழுந்த சிலிண்டரில் புதுக் கிண்ணத்தைப் போடுவது அடுத்த கிழிசலுக்கு நாள் குறிப்பதாகும். 1960-களில் இரட்டை அறையுள்ள மாஸ்டர் சிலிண்டர் பரவியதால் ஓர் அறை பழுதானாலும் மற்றது வண்டியை ஓரளவு நிறுத்துகிறது. அது பெரிய ரட்சை. எனினும் அந்த அறைகளைக் காப்பதும் ரப்பர்க் கிண்ணங்களே.

ஆகவே வண்டி வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். காற்றெடுத்த வண்டியைப் பட்டறையிலிருந்து வாங்கும்போது, இஞ்சினை ஓடவிட்டு, அரை நிமிஷம் பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பாருங்கள். காலின் அழுத்தத்துக்குத் துணைசெய்யும் பூஸ்டர் உள்ள வண்டியில் இஞ்சின் கிளம்பும் கணத்தில் பெடல் சிறிது தாழ்வது இயல்பு. அதற்குப் பின்னும் இறங்கிக்கொண்டே போகுமானால், அன்று அந்த வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.