டார்ஷன் பார் வண்டிகளில் முன்பக்க உயரச் சீரமைப்பு

டார்ஷன் பார் பூட்டிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில், காலப்போக்கில் தாழ்ந்துபோன முன்பக்கத்தை ஒரு போல்ட்டைத் திருகி உரிய உயரத்துக்குக் கொண்டுவரும் பராமரிப்பு வேலை இது. இந்தியச் சாலைகளில் டாடா சியரா, சுமோ, சஃபாரி, 2010இல் வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ, திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2002 முதல் பூட்டி விற்ற மிட்சுபிஷி பஜேரோ ஆகியவை இந்த அமைப்பைக் கொண்டவை. சுமோவில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கம்தான். என்றாலும் முன்பக்க அமைப்பு அதே வகை.

திருச்சி மாநகரின் தென்மேற்கில் உள்ள எடமலைப்பட்டி புதூர் போன்ற பகுதியில் இந்த வேலைக்குத் தேவை இன்னும் இருக்கிறது. கோரையாற்றை ஒட்டிய தாழ்ந்த தெருக்கள் ஒரு பக்கம். துறையூருக்கு அப்பால் பச்சைமலை, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கொல்லிமலை மறுபக்கம். பதினைந்து, இருபது வயதான சுமோவும் சஃபாரியும் இரண்டுக்கும் போய்வருகின்றன. தெருக்களில் நினைத்த அளவில் எழுப்பிய வேகத்தடைகளும் பாதிப் பொறுப்பாளிகள். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேட்டைத்தான் சொல்கிறது. தெருவில் கிடப்பது பல இடங்களில் செங்குத்தான கரை. முன்பக்கம் இறங்கிய வண்டியின் வயிறு அங்கேதான் முதலில் தட்டும்.

கம்பி வேலை செய்யும் விதம்

சுருள் ஸ்பிரிங் அமுங்கும், பட்டா (லீஃப் ஸ்பிரிங்) வளையும், டார்ஷன் பார் முறுகும். வண்டியின் நீளவாக்கில் சேஸிக்கு இணையாகக் கிடக்கும் உருண்டையான எஃகுக் கம்பி அது. முன்முனை சஸ்பென்ஷனின் மேல் ஆர்மோடோ கீழ் ஆர்மோடோ பல்வரிசையால் கோத்திருக்கும். பின்முனை ஒரு குட்டை நெம்புகைக்குள் செருகி, சேஸியின் குறுக்குச் சட்டத்தில் நிற்கும். அந்த நெம்புகையைத் தாங்கிப் பிடிப்பதுதான் உயரத்தைச் சரிசெய்யும் போல்ட். சக்கரம் மேட்டில் ஏறினால் ஆர்ம் மேலெழும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுகும். மேடு தாண்டியதும் தன் நிலைக்குத் திரும்பும்.

கம்பியின் விறைப்பை முடிவு செய்பவை மூன்று: எஃகின் தன்மை, நீளம், விட்டம். இவற்றில் விட்டத்தின் ஆதிக்கம் அதிகம், விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 25 மி.மீ. கம்பிக்குப் பதில் அதே நீளத்தில் 26 மி.மீ. கம்பி போட்டால் விறைப்பு சுமார் 17 சதவீதம் கூடும். போல்ட்டுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பட்டறைகளில் நிலைத்துவிட்ட ஒரு நம்பிக்கையை இங்கே மறுத்தாக வேண்டும். போல்ட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும், அதிக லோடு தாங்கும் என்று ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் சொல்வதுண்டு. உண்மையில், போல்ட்டை இறுக்கும்போது நெம்புகை சில டிகிரி சுழல்கிறது, அதோடு முழுக் கம்பியும் சுழல்கிறது, முன்முனையில் உள்ள ஆர்ம் அதே அளவு கீழே தள்ளப்படுகிறது, அதனால் வண்டி உயர்கிறது. உயர்ந்து நின்ற பிறகு கம்பிக்குள் இருக்கும் முறுக்கு ஏறக்குறைய பழைய அளவுதான். அது சுமக்கும் எடை மாறவில்லையே.

அப்படியானால் இறுக்கிய வண்டி ஏன் தூக்கித் தூக்கிப் போடுகிறது? சக்கரம் மேலும் கீழும் போய்வர ஒரு மொத்தத் தூரம் உண்டு. அதைக் கூட்டவோ குறைக்கவோ போல்ட்டால் முடியாது. உதாரணமாக, மேல்நோக்கி 100 மி.மீ., கீழ்நோக்கி 80 மி.மீ. இடம் இருக்கும் வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் மேலே 150 கிடைக்கும், கீழே 30தான் மிஞ்சும். சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலே ஆர்ம் கீழ்த்தடை ரப்பரில் போய் அடிக்கும். அந்த அடியைத்தான் ஓட்டுநர் ஸ்பிரிங்கின் விறைப்பு என்று எடுத்துக்கொள்கிறார். கரடுமுரடான மலைப்பாதையில் பள்ளத்துக்குள் சக்கரம் இறங்கித் தரையைப் பற்றுவது ஃபோர் வீல் வண்டிக்கு உயிர்நாடி. அந்த இறக்கத்தை விலையாகக் கொடுத்துத்தான் இந்த உயரம் கிடைக்கிறது.

இன்னொரு விலையும் உண்டு. மேல்நோக்கிய தூரம் கூடியதால், பெரிய மேட்டில் ஆர்ம் மேல்தடை வரை போகும்போது கம்பி தான் வடிவமைக்கப்பட்ட அளவைத் தாண்டி முறுகுகிறது. இந்த மிகைமுறுக்கு பழகினால் கம்பி நிரந்தரமாகத் தளரும். அளவுக்கு மேல் தூக்கிய வண்டி சில காலத்தில் மறுபடி இறங்கி நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

எங்கிருந்து வந்தது

ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் இந்த வகை சஸ்பென்ஷனுக்குக் காப்புரிமை பெற்றார். 1934இல் சித்ரோவன் நிறுவனத்தின் டிராக்ஷன் அவான் கார் முன்சக்கரங்களில் இதைப் பயன்படுத்தியது. குறைந்த இடத்தில் அடங்குவதால் பீரங்கி வண்டிகளும் சீக்கிரமே ஏற்றுக்கொண்டன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான விஜயந்தாவும், பின்னர் அங்கே தயாரான டி-72 அஜேயாவும் டார்ஷன் பாரில் நிற்பவை. அதே ஆலையில் பிறந்த அர்ஜுன் மட்டும் வாயு-எண்ணெய் அமைப்புக்கு மாறியது. ஃபோர் வீல் வண்டிகளில் 1982இன் முதல் பஜேரோ இதைப் பரவலாக்கிய வண்டிகளுள் ஒன்று. முன்சக்கரங்களுக்குப் போகும் ஆக்சில் குறுக்கே ஓடும் இடத்தில் சுருள் ஸ்பிரிங்கைத் திணிக்க வேண்டாம் என்பது வடிவமைப்பாளர்களுக்குப் பெரிய வசதி.

அளத்தல்

திருகுவதற்கு முன் அளக்க வேண்டும். இந்தப் படிதான் அவசரத்தில் விடுபடுகிறது. சமதளமான சிமென்ட் தரை, நான்கு டயரிலும் சரியான காற்று, வண்டிக்குள் சுமை இல்லாமை ஆகியவை முன்நிபந்தனைகள். முன்பக்கத்தைக் கையால் சிலமுறை அமுக்கி விட்ட பிறகு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்கலாம். ஆனால் அடிபட்டுச் சரிசெய்த பழைய வண்டியில் மட்கார்டையே நம்ப முடியாது. தயாரிப்பாளர் கையேடுகளில் பல, ஆர்மின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையிலான உயர வேறுபாட்டை அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதுதான் ஆர்ம் நிற்கும் கோணத்தை நேரடியாகக் காட்டும்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் டார்ஷன் பாரைக் குற்றம் சொல்வதற்கு முன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் ஒரு பட்டா உடைந்திருந்தாலும் அந்தச் சாய்வு குறுக்கே முன்பக்கத்தில் தெரியும். ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவை தேய்ந்திருந்தால் அவற்றை முதலில் மாற்றிவிட்டுத்தான் உயரத்துக்கு வர வேண்டும். ஷாக் அப்சார்பர் உயரத்தைத் தாங்குவதில்லை. புது ஷாக் போட்டால் வண்டி ஏறிவிடும் என்று எதிர்பார்த்துச் செலவழிப்பவர்கள் ஏமாறுவார்கள்.

திருகுதல்

போல்ட் நெடுநாளாகச் சேற்றிலும் துருவிலும் கிடந்திருக்கும். முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, மரைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து வைப்பது நல்லது. வெளியே தெரியும் மரையின் நீளத்தை இருபுறமும் குறித்துக்கொண்டால், வேலை கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

பிறகு சேஸிக்கு ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட வேண்டும். சுமை கம்பியில் இருக்கும்போதே போல்ட்டை ஏற்றுவது மரையைச் சிதைக்கும். லாக் நட்டைத் தளர்த்தி இருபுறமும் சிறிது சிறிதாகத் திருகி, வண்டியை இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். உருட்டாமல் அளந்தால் டயர்கள் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, வண்டி பொய்யான உயரத்தில் நிற்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது நெம்புகையின் நீளத்தைப் பொறுத்து வண்டிக்கு வண்டி மாறும். ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கமும் சற்று அசையும் என்பதால் இரண்டு மூன்று சுற்று அளவை தேவைப்படும்.

போல்ட் முழுதும் ஏறியும் உயரம் போதவில்லை என்றால் கம்பியைக் கழற்றி, பல்வரிசையில் ஒரு பல் தள்ளிச் செருகுவது அடுத்த வழி. முறுக்கில் இருக்கும் கம்பி ஏராளமான ஆற்றலை அடக்கி வைத்திருக்கும். போல்ட்டை முழுதும் தளர்த்தி முறுக்கை விடுவிக்காமல் நெம்புகையைத் தட்டினால் கை போகும். சில தயாரிப்பாளர்கள் இரு முனைகளிலும் பல் எண்ணிக்கையை வேறுபடுத்தினார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்பக்கக் கம்பியில் உள்முனைக்கு 40 பல், வெளிமுனைக்கு 44. ஒரு முனையில் ஒரு பல் முன்னே, மறுமுனையில் ஒரு பல் பின்னே தள்ளினால் 9 டிகிரிக்கும் சுமார் 8.2 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு, அதாவது ஒரு டிகிரிக்கும் குறைவான நுண்மாற்றம் கிடைக்கும். சரிசெய்யும் போல்ட் இல்லாமலேயே உயரத்தை நுட்பமாக அமைக்க அந்தக் காலத்துப் பொறியாளர்கள் கண்ட அழகான வழி இது.

இடக் கம்பியை வலப்பக்கம் மாற்றிப் போடக் கூடாது. ஆலையிலேயே ஒரு திசையில் மிகையாக முறுக்கி, அந்தத் திசைக்குப் பழக்கிய எஃகு அது. எதிர்த்திசையில் விரைவில் சோர்ந்துவிடும். கம்பியின் மேற்பரப்பில் பைப் ரெஞ்சு போட்டுப் பிடிப்பது, பக்கத்தில் வெல்டிங் வைப்பது இரண்டும் அதன் ஆயுளைக் குறைக்கும். முறுக்கத்தில் அழுத்தம் முழுவதும் மேற்பரப்பில்தான் உச்சம், விரிசலும் அங்கே உள்ள கீறலில்தான் பிறக்கும்.

உயரம் மாறியதும் சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பரும் டோவும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு விளிம்பில் தேயும். முன் ஆக்சிலின் சிவி ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுழல்வதால் அதன் ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். ஹெட்லைட் ஒளி எதிரே வருபவர் கண்ணில் படுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பட்டா வண்டிகள்

பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி ஆகியவற்றின் முன்பக்கத்தில் பட்டாதான். திருக போல்ட் கிடையாது. தாலுகா அலுவலக ஜீப்பின் மூக்கு இறங்கினால் பட்டறையில் பட்டாவைக் கழற்றி வளைவைத் திரும்ப ஏற்றுவார்கள், அல்லது ஒரு பட்டா கூடுதலாக வைப்பார்கள். கூடுதல் பட்டா டார்ஷன் பார் போல்ட்டைப் போலன்றி விறைப்பை நிஜமாகவே கூட்டும்.

பின்வந்த மாதிரிகள், சட்டம்

2012இன் சஃபாரி ஸ்டார்மும் 2020இன் புதிய தாரும் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டன. அவற்றில் உயரம் குறைந்தால் ஸ்பிரிங்கை மாற்றுவதே முறை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. தளர்ந்த வண்டியைக் கையேட்டு உயரத்துக்கு மீட்பது பராமரிப்பு. அதைத் தாண்டித் தூக்குவது மாற்றம். சொந்த வண்டிகளின் பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், டிஎன் 45, டிஎன் 48, டிஎன் 81 எண் தாங்கிய திருச்சி வட்டாரப் பழைய சுமோக்களும் சஃபாரிகளும் ஒவ்வொரு முறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.