ஃபிளாய்ட் பாட்டர்சன்: தோல்வியும் மீட்சியும்

குத்துச்சண்டையில் ஏற்படும் தோல்வி பிற விளையாட்டுத் தோல்விகளிலிருந்து வேறுபட்டது. கால்பந்தில் தோற்கும்போது பழியைப் பதினொரு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். குத்துச்சண்டை வீரர் தனியாக மேடையேறுகிறார். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, அரை ஆடையுடன் தனியாகவே தரையில் விழுகிறார். உடலில் பட்ட அடி சில வாரங்களில் ஆறிவிடும். இனி அடுத்த குத்தைத் தாங்க முடியுமா என்ற ஐயம் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. இந்த ஐயத்திலிருந்து மீள்வது எப்படி என்பதை அறிய அமெரிக்க வீரர் ஃபிளாய்ட் பாட்டர்சனின் வாழ்க்கை மிகப் பொருத்தமானது. அவர் ஒருமுறை முழுமையாக மீண்டார். மற்றொரு முறை மீள முயன்று தோற்றார். இரண்டும் ஒரே மனிதருக்கு, நான்கே ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவை.

இளமை

பாட்டர்சன் 1935 ஜனவரி 4 அன்று வட கரோலினா மாநிலத்தின் வேக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில். பிள்ளைகள் பலர் உள்ள ஏழைக் குடும்பம். பள்ளிக்குப் போகாமல், சுரங்க ரயில் நிலையத்தில் வேலையாட்கள் கருவிகளை வைக்கும் இருட்டறை ஒன்றில் ஒளிந்திருப்பது அச்சிறுவனின் வழக்கம். வீட்டிலிருந்த புகைப்படத்தில் தன் உருவத்தைத் தாயிடம் காட்டி, இந்தப் பையனை எனக்குப் பிடிக்கவில்லை என்று கூறியதையும், அந்த முகத்தின்மேல் பெருக்கல் குறி கீறியதையும் பாட்டர்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். தோல்விக்குப் பின் அவர் நடந்துகொண்ட விதத்தைப் புரிந்துகொள்ள இச்செய்தி உதவும். ஒளிந்துகொள்ளும் பழக்கம் குத்துச்சண்டைக்கு முன்பே அவரிடம் இருந்தது.

ஏறத்தாழ 10 வயதில், நெறி தவறும் சிறுவர்களுக்காக நடத்தப்பட்ட வில்ட்விக் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்குதான் படிக்கத் தொடங்கினார், கையுறையும் அணிந்தார். பின்னர் கஸ் டமாட்டோ என்னும் பயிற்சியாளரிடம் சேர்ந்தார். இரு கையுறைகளையும் கன்னங்களோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவற்றின் இடைவெளி வழியே எதிராளியைப் பார்க்கும் முறையை டமாட்டோ கற்றுத்தந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், 17 வயதில், பாட்டர்சன் நடுத்தர எடைப் பிரிவில் தங்கம் வென்றார். 1956 நவம்பர் 30 அன்று சிகாகோவில் ஆர்ச்சி மூரை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தி ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 21. அதுவரை அவ்வளவு இளம் வயதில் அப்பட்டத்தை எவரும் பெற்றதில்லை.

எதிர்முனையில் இன்னொரு தோல்வி

பாட்டர்சனை வீழ்த்திய சுவீடன் நாட்டு இங்கெமார் ஜோஹன்சனும் தோல்வியிலிருந்து எழுந்து வந்தவரே. அதே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஹெவிவெயிட் இறுதிப் போட்டியில் அவர் அமெரிக்கரான எட் சாண்டர்ஸை எதிர்கொண்டார். தாக்காமல் விலகி விலகி ஓடுகிறார் என்று கூறி நடுவர் இரண்டாம் சுற்றிலேயே அவரைத் தகுதிநீக்கம் செய்தார். வெள்ளிப் பதக்கமும் மறுக்கப்பட்டது. எதிராளியைக் களைப்படையச் செய்து மூன்றாம் சுற்றில் தாக்குவதே தம் திட்டம் என்று ஜோஹன்சன் விளக்கினார். சொந்த நாட்டுப் பத்திரிகைகளே அவரைக் கோழை என்ற பொருள்பட எழுதின.

அவர் அந்த ஆண்டிலேயே தொழில்முறைப் போட்டிகளில் இறங்கினார். பல ஆண்டுகள் பெரும்பாலும் சுவீடனில் ஆடிப் படிப்படியாக உயர்ந்தார். 1956இல் இத்தாலியின் ஃபிராங்கோ காவிக்கியை வென்று ஐரோப்பியப் பட்டம் பெற்றார். 1957இல் இங்கிலாந்தின் ஹென்றி கூப்பரை வீழ்த்தினார். 1958 செப்டம்பரில் கோதன்பர்க் நகரில் அமெரிக்காவின் எடி மேச்சனை முதல் சுற்றிலேயே சாய்த்தார். பாட்டர்சனுடன் மோத வந்தபோது 21 தொழில்முறைப் போட்டிகளில் ஒன்றிலும் அவர் தோற்றிருக்கவில்லை. எனினும் அமெரிக்கர்கள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. பயிற்சி முகாமுக்குக் குடும்பத்தாரையும் மணம்புரியவிருந்த பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். வலது கையை யாருக்கும் முழுமையாகக் காட்டவும் இல்லை.

1959 ஜூன் 26

நியூயார்க்கின் யாங்கி அரங்கில் முதல் இரு சுற்றுகளும் மந்தமாகவே சென்றன. ஜோஹன்சன் இடது கையை நீட்டி நீட்டித் தொட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றில் வலது கை வந்தது. பாட்டர்சன் விழுந்தார். எழுந்தவருக்கு எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. எதிராளிதான் விழுந்துவிட்டார் என்று எண்ணியவர்போல் திரும்பி நடந்தார். ஜோஹன்சன் பின்தொடர்ந்து மீண்டும் வீழ்த்தினார். அந்த ஒரே சுற்றில் ஏழு முறை விழுந்த பிறகு நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் போட்டியை நிறுத்தினார். கீழே கிடந்தபோது, மேடையோரம் அமர்ந்திருந்த திரைப்பட நடிகர் ஜான் வெயினின் முகம் கண்ணில் பட்டதாகவும், அவர் முன் இப்படிக் கிடக்கிறோமே என்ற வெட்கம் எழுந்ததாகவும் பாட்டர்சன் பின்னர் கூறியிருக்கிறார். வலியைவிட வெட்கம் முந்திக்கொண்டது!

அடுத்து வந்த ஓராண்டு

பாட்டர்சன் வீட்டில் முடங்கினார். வாரக்கணக்கில் வெளியே வரவில்லை. வரலாறும் அவருக்கு ஆறுதல் தரவில்லை. ஜெஃப்ரிஸ் 1910இலும், டெம்ப்சி 1927இலும், ஜோ லூயி 1950இலும் முயன்று தோற்றிருந்தனர். ஹெவிவெயிட் பட்டத்தை இழந்த எவரும் அதுவரை அதைத் திரும்பப் பெற்றதில்லை.

இந்நிலையில் ஆர்ச்சி மூரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பாட்டர்சனிடமே தோற்றவர் அவர். அக்கடிதத்தில் ஆறுதல் சொற்களோடு நுட்பமான அறிவுரையும் இருந்தது: இடது நேர்குத்தைப் பயன்படுத்து, ஒரே இடத்தில் நிற்காமல் அவனைச் சுற்றி நகர்ந்துகொண்டே இரு, பட்டத்தை மீட்ட முதல் மனிதன் நீயாகலாம் என்பது அதன் சாரம். கணக்கில் தவறிய மாணவனிடம் 'தைரியமாக இரு' என்று மட்டும் சொல்வதால் பயனில்லை. எந்தப் படியில் பிழை நேர்ந்தது என்று காட்டினால் அவனே பென்சிலை எடுப்பான். மூரின் கடிதம் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பாட்டர்சன் கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய விடுதி ஒன்றில் பயிற்சி முகாம் அமைத்துக்கொண்டார். வசதியான இடமன்று. மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து அங்கே தங்கினார். சரிசெய்ய வேண்டியவை தெளிவாக இருந்தன. ஜோஹன்சனின் ஆயுதம் ஒன்றே ஒன்று, அந்த வலது கை. அதன் பாதையில் நில்லாதிருக்கக் கால்களைப் பழக்க வேண்டும். பட்டாலும் தாங்கும் உடல் வேண்டும். முதல் போட்டியில் 182 பவுண்டாக இருந்த எடை மறுபோட்டியில் 190 ஆயிற்று.

1960 ஜூன் 20 அன்று போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் இருவரும் மீண்டும் மோதினர். பலரும் ஐந்தாம் சுற்றைப் பற்றியே எழுதுவர். என் கணிப்பில் முக்கியமானது இரண்டாம் சுற்று. அச்சுற்றில் ஜோஹன்சனின் வலது கை மீண்டும் பாட்டர்சனின் மீது இறங்கியது. ஓராண்டாக எதை நினைத்து உறக்கம் கெட்டாரோ, அதே குத்து. பாட்டர்சன் தடுமாறினார், ஆனால் விழவில்லை. சுற்று முடியும்வரை நின்றார். பயிற்சி முகாமில் எவ்வளவு உழைத்தாலும், எவ்வளவு பேர் தட்டிக்கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று அந்தக் கணத்தில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் சுற்றில் இடது கொக்கிக் குத்து ஒன்று ஜோஹன்சனைச் சாய்த்தது. எழுந்தார். பாட்டர்சன் பாய்ந்து அடித்த அடுத்த இடது குத்தில் நினைவிழந்து மல்லாந்து விழுந்தார்; அவருடைய கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வெற்றிக் களிப்பில் இருந்த பாட்டர்சன் அதைக் கண்டதும் ஓடிவந்து அருகில் மண்டியிட்டார். அந்த ஓராண்டு முழுவதும் தம்மை இயக்கியது வெறுப்பு என்றும், அப்படி ஒருவரை மீண்டும் வெறுக்க விரும்பவில்லை என்றும் அவர் பிற்பாடு சொன்னார். 1961 மார்ச்சில் மயாமி பீச்சில் நடந்த மூன்றாம் போட்டியில், முதல் சுற்றிலேயே இருமுறை விழுந்தும் எழுந்து, ஆறாம் சுற்றில் வென்றார்.

ஒப்பனைத் தாடி

சன்னி லிஸ்டனின் கதை வேறு. 214 பவுண்டு எடை. 84 அங்குலக் கை வீச்சு. பாட்டர்சனின் வீச்சு 71 அங்குலம். லிஸ்டன் சிறை சென்றவர், குற்றக் கும்பல்களோடு தொடர்புடையவர் என்பதால் அவர் பட்டம் பெறுவதைக் கறுப்பின உரிமை அமைப்பினர் சிலரும் விரும்பவில்லை. வெள்ளை மாளிகைக்கு வந்த பாட்டர்சனிடம் லிஸ்டனை வெல்ல வேண்டும் என்று குடியரசுத் தலைவர் கென்னடியே கூறினார். ஒரு குத்துச்சண்டைக்கு இவ்வளவு சுமை தேவையா என்று இன்று கேட்கத் தோன்றுகிறது.

1962 செப்டம்பர் 25 அன்று சிகாகோவில் 2 நிமிடம் 6 வினாடியில் பாட்டர்சன் வீழ்ந்தார். அன்றிரவு போலித் தாடியும் மீசையும் ஒட்டிக்கொண்டு அரங்கிலிருந்து வெளியேறி, காரில் நியூயார்க் நோக்கிச் சென்றார். பிறகு அதே வேடத்தில் ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்குப் பறந்தார். அந்தத் தாடி போட்டிக்கு முன்பே செய்து வாங்கிவைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. தோற்றால் ஒளிந்துகொள்ளும் ஏற்பாட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டே அவர் மேடையேறினார்.

மறுபோட்டி பத்தே மாதங்களில், 1963 ஜூலை 22 அன்று லாஸ் வேகசில் நடந்தது. 2 நிமிடம் 10 வினாடி. முந்தையதைவிட நான்கு வினாடி கூடுதல், அவ்வளவே. ஜோஹன்சனிடம் தோற்றபோது திருத்திக்கொள்ள ஒரு பிழை கையில் கிடைத்தது. லிஸ்டனிடம் இரண்டு நிமிடங்களில் தோற்றவருக்கு எதைத் திருத்துவது என்பதே தெளிவாகவில்லை. இழிவைத் துடைக்க வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது.

1964இல் எழுத்தாளர் கே டலீஸ் எஸ்குவயர் இதழில் பாட்டர்சனைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தாம் கோழை என்றுகூட அதில் பாட்டர்சன் சொல்கிறார். வீழ்த்தப்பட்ட முதல் சில கணங்களில் வலி தெரியாது, ஒருவித இன்பமான மயக்கமே இருக்கும், பின்னர்தான் நடந்தது உறைக்கும், அப்போது மேடையின் நடுவில் ஒரு கதவு திறந்து நேராக உடைமாற்றும் அறையில் விழுந்துவிடக் கூடாதா என்று தோன்றும் என்று விவரிக்கிறார். வீழ்த்தப்பட்டவரின் மனநிலையை இவ்வளவு ஒளிவுமறைவின்றிச் சொன்ன உலகப் பட்ட வீரர் அரிது.

மீண்டும் படிப்படியாக

இரண்டாம் முறை அவர் நிதானமாக எழுந்தார். 1964 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் இத்தாலியரான சான்டே அமோன்டியை வென்றார். அதே ஆண்டு ஜூலையில், அதே நகரில் எடி மேச்சனை 12 சுற்றுகளில் வென்றார். ஜோஹன்சனிடம் முதல் சுற்றில் சாய்ந்த அதே மேச்சன், 1960இல் லிஸ்டனுக்கு எதிராக 12 சுற்றுகள் தாக்குப்பிடித்திருந்தார். எனவே இது எளிய வெற்றியன்று. 1965 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் கனடாவின் ஜார்ஜ் சுவாலோவையும் 12 சுற்றுகளில் வென்றார். அந்த நவம்பரில் முகமது அலியிடம் முதுகு வலியோடு போராடி 12ஆம் சுற்றில் தோற்றார். இம்முறை அதற்காக அவர் விளையாட்டை விட்டுவிடவில்லை. 1972 செப்டம்பரில் அலியிடமே மீண்டும் தோற்றது அவருடைய கடைசிப் போட்டி. மொத்தம் 64 போட்டிகளில் 55 வெற்றி, 8 தோல்வி, ஒன்று சமன்.

ஜோஹன்சனுக்கு மறுக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் முப்பது ஆண்டுகள் கழித்து, 1982இல் வழங்கப்பட்டது. ஒருவரையொருவர் நினைவிழக்கும்படி அடித்துக்கொண்ட இருவரும் அதற்குள் நெருங்கிய நண்பர்களாகியிருந்தனர். அட்லாண்டிக் கடலைக் கடந்து ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சென்று வந்தனர்; 1980களில் ஸ்டாக்ஹோம் மாரத்தானில் சேர்ந்தே ஓடினர். பாட்டர்சன் 2006 மே 11 அன்றும், ஜோஹன்சன் 2009 ஜனவரி 30 அன்றும் காலமாயினர். பாட்டர்சன் தத்தெடுத்துப் பயிற்றுவித்த டிரேசி ஹாரிஸ் பாட்டர்சன் 1992இல் உலகப் பட்டம் வென்றார்.