கிரீஸ் படிந்த கையும் பென்சில் பிடித்த கையும்

பழைய கார்களின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டிருப்பதெல்லாம் கார் வைத்திருந்தவர்களின் வரலாறு. எந்த மகாராஜாவிடம் எத்தனை ரோல்ஸ் ராய்ஸ் இருந்தது, எந்த ஜமீன் பங்களாவில் எந்த வண்டி நின்றது, இப்போது அதை எந்தத் தொழிலதிபர் மெருகேற்றி ஊர்வலம் விடுகிறார் என்பதுதான் பேச்சு. அந்த வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, சொட்டுகிற ஆயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு நட்டு முடுக்கியவன் யார்? அவன் பெயர் எந்தப் பித்தளைத் தகட்டிலும் கிடையாது.

இயந்திரத்துக்குத் தீட்டு இல்லை, நவீனம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிற முற்போக்கு நண்பர்கள் நமக்கு உண்டு. 1929-ல் பம்பாய் மாகாண அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் போன அம்பேத்கர் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கினார். மகர் குடியிருப்புக்கு அவரைக் கூட்டிப்போக எந்த டோங்காக்காரனும் வரவில்லை. கடைசியில் ஒரு சமரசம். வண்டியையும் குதிரையையும் வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள். ஓட்டத் தெரியாத ஒரு மகர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் கற்களுக்கு இடையே சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. பாரிஸ்டராக இருந்தாலும் தீண்டத்தகாதவனைவிடத் தான் மேல் என்று ஒரு குதிரைவண்டிக்காரனை நினைக்க வைப்பது எது என்று அவரே பின்னால் எழுதினார். வண்டியை யாரும் தீட்டு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரை வைத்து யார் ஓட்டுவது என்பதில்தான் சிக்கல்.

இதே சிக்கலைக் கடலுக்கு அப்பால், குதிரைக்குப் பதில் எட்டு சிலிண்டர் இன்ஜின் வைத்துப் பார்த்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் வெண்டல் ஸ்காட். தலித் பேந்தர் இயக்கம் 1972-ல் தன் பெயரையே அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. மால்கம் எக்சையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் நாம் அறிவோம். பட்டறையில் இருந்து கிளம்பிய இந்தக் கறுப்பரை அறியோம்.

ஸ்காட் 1921-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தவர். அடிமை முறையைக் காப்பதற்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்கு 1865-ல் கடைசித் தலைநகராக இருந்த ஊர் அது. பிழைக்க இரண்டு வழிதான்: பஞ்சாலை, இல்லையென்றால் புகையிலைத் தொழிற்சாலை. இரண்டிலும் வெள்ளை மேஸ்திரி. அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டார் ஸ்காட். அவருடைய அப்பா வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். அப்பாவிடம் தொழில் கற்றார். டாக்சி ஓட்டினார். 1943-ல் மேரியைக் கல்யாணம் செய்தார். இரண்டாம் உலகப்போரில், வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்த ராணுவத்தில் ஐரோப்பாவுக்குப் போனார். திரும்பி வந்து சொந்தமாக ஒரு பட்டறை போட்டார்.

கறுப்பருக்குக் கார் என்பது அன்றைக்கு வெறும் சொகுசு அல்ல. பஸ்ஸில் பின் சீட்டு. அதுவும் வெள்ளையர் ஏறினால் எழுந்திருக்க வேண்டும். அந்த அவமானத்திலிருந்து தப்பிக்க ஓட்டை உடைசலானாலும் ஒரு காரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் ராத்திரி நடுவழியில் வண்டி நின்றுவிட்டால்? எந்த ஊரில் கறுப்பருக்குத் தங்க இடம் தருவார்கள், எந்தப் பட்டறையில் வண்டியைத் தொடுவார்கள் என்று பட்டியல் போட்டு 1936 முதல் ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளியிட்டார் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர். அப்படி ஒரு கையேடு தேவைப்பட்ட நாட்டில், வண்டி வைத்திருந்த கறுப்பர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும். 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரில் பஸ் புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நடந்ததே, அதைத் தூக்கி நிறுத்தியதும் இந்தக் கார்கள்தான். முந்நூறு வண்டி அளவுக்கு ஆள் ஏற்றி இறக்கின. பேச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. போராட்டத்தை ஓட வைத்தது ஸ்பானர்.

ஸ்காட்டின் கதைக்கு வருவோம். பட்டறை வருமானம் போதவில்லை. கள்ளச்சாராயம் கடத்தினார். இதை மறைத்து அவரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. தெற்கு மாநிலங்களில் வெள்ளைப் பந்தய வீரர்கள் பலரும் இதே தொழிலில் இருந்து வந்தவர்கள்தான். அவர்கள் செய்தால் சாகசம், கறுப்பன் செய்தால் குற்றமா?

அந்தத் தொழிலின் உயிர் பழைய போர்டு கார்கள். 1932-ல் போர்டு கம்பெனி சாமானியன் வாங்கும் விலைக்கு வி-எட்டு இன்ஜினைக் கொடுத்தது. முதலில் 65 குதிரைத்திறன். பின்னால் 85 ஆனது. எளிமையான இன்ஜின். கை தெரிந்தவன் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கலாம், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு மூன்று வைக்கலாம். சாராயம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து போலீசுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஸ்பிரிங் பட்டையைக் கூட்டிக் கட்டுவார்கள். வெளியே பார்த்தால் யாரோ சம்சாரியின் பழைய கார். உள்ளே இருப்பது போலீஸ் வண்டியைவிட வேகமான இன்ஜின். எந்த என்ஜினியரிங் காலேஜும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கறுப்பரைச் சேர்க்காத காலேஜ் எப்படிச் சொல்லிக் கொடுக்கும்?

1949-ல் ஒரே ஒரு தடவை மாட்டினார். அவரை விரட்டி விரட்டிச் சலித்த போலீசே அடுத்து அவருக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்ததுதான் வேடிக்கை. 1952-ல் டான்வில் பந்தயத் திடலில் கூட்டம் குறைந்தது. ஒரு கறுப்பனை இறக்கினால் வேடிக்கை பார்க்கவாவது வருவார்கள் என்று நடத்துபவர்கள் கணக்குப் போட்டார்கள். ஊரிலேயே வேகமாக ஓட்டுகிற கறுப்பன் யார் என்று போலீசிடம் கேட்டார்கள். போலீஸ் கைகாட்டியது ஸ்காட்டை! முதல் பந்தயத்தில் வண்டி நின்றுவிட்டது, கூட்டம் ஊளையிட்டது. பன்னிரண்டு நாளில் லிஞ்ச்பர்க் ஊரில் ஒரு சின்னப் பந்தயத்தில் ஜெயித்தார்.

கார்ப் பந்தயத்தைக் கட்டி ஆண்டுகொண்டிருந்த பெரிய அமைப்பு நாஸ்கார். அங்கே கதவு சாத்தியிருந்தது. வின்ஸ்டன்-சேலத்தில் கறுப்பர் ஓட்டக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஹை பாயின்ட் ஊரில், உன் வண்டியை வேண்டுமானால் ஒரு வெள்ளைப் பையனிடம் கொடு, அவன் ஓட்டட்டும் என்றார்கள். சாலிஸ்கானில் வண்டி தருகிறோம், ஓட்ட ஆள் தரமாட்டோம் என்றான். இங்கே வண்டியைக் கொடு, நீ மட்டும் உட்காராதே என்கிறான். திருப்பிப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

ஸ்காட் முன்வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கவில்லை. 1953 வாக்கில் ரிச்மண்டில் ஒரு சின்னத் திடலுக்குக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். அங்கே உரிமம் கொடுக்கிற அதிகாரம் பகுதிநேரப் பொறுப்பாளர் ஒருவரிடம் இருந்தது. உன்னைப் போட்டு இடிப்பார்களே, தாங்குவாயா என்று கேட்டார் அவர். தாங்குவேன் என்றார் ஸ்காட். தலைமைக்குத் தெரியாமலே உரிமம் கைக்கு வந்துவிட்டது. 1959-ல் வர்ஜீனியா மாநில அளவில் சாம்பியன். 1961-ல் ஸ்பார்டன்பர்க்கில் மேல்மட்டப் பந்தயத்தில் இறங்கினார்.

இடித்தார்கள்தான். வேண்டுமென்றே இடித்தார்கள். தகுதி இருந்தும் டார்லிங்டன் போன்ற திடலில் பல ஆண்டு இறங்கவிடவில்லை. நம்மூரில் அறுபது வயதுக் கிழவரை ஊர்த்தெருப் பொடிப்பயல் 'டேய்' என்று கூப்பிடுவான் அல்லவா, அதே மாதிரி அங்கே 'பையா' என்ற சொல். கை ஓங்கினால் உரிமம் போய்விடும் என்று பொறுத்தார். ஓயாமல் இடித்த ஒருவனுக்கு மட்டும் ஒரு நாள் காருக்குள் இருந்து துப்பாக்கியைக் காட்டினார். அதற்குப் பிறகு அவன் இடிக்கவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரு திருப்தி, அதை ஒளிக்கப் போவதில்லை.

பெரிய கம்பெனிகள் வெள்ளை வீரர்களுக்குப் புதுக் காரும், புது இன்ஜினும், சம்பளத்துக்கு மெக்கானிக்கும் கொடுத்தன. ஸ்காட்டுக்கு ஒரு கம்பெனியும் வரவில்லை. அடுத்தவன் ஓட்டித் தேய்த்த காரை வாங்குவார். இன்ஜினைப் பிரித்து நல்லதை எடுத்துக் கெட்டதைத் தள்ளி வேறொன்றிலிருந்து பொருத்துவார். கூடமாட உதவிக்கு யார்? பெற்ற பிள்ளைகள். வண்டியை ஓட்டிப் போய்ப் பந்தயம் முடித்து ராத்திரியோடு ராத்திரியாக ஊர் திரும்ப வேண்டும். மேல்மட்டத்தில் மட்டும் 495 பந்தயம் ஓட்டியிருக்கிறார். 147-ல் முதல் பத்து இடத்துக்குள் வந்தார். 1966-ல் ஆண்டுப் புள்ளிக் கணக்கில் ஆறாவது. புதுக் கார் வைத்திருந்தவர்களோடு பழைய இரும்பை வைத்து மோதி எடுத்த கணக்கு இது. 'தகுதி, திறமை' என்று நம்மிடம் வகுப்பு எடுக்கிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

1963. அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி டான்வில்லில் உரிமை கேட்டு அமைதியாகப் போனவர்கள்மீது போலீஸ் தீயணைப்புக் குழாயைத் திருப்பித் தடியால் அடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். 'ரத்தத் திங்கள்' என்று அந்த நாளைச் சொல்கிறார்கள். ஸ்காட்டின் சொந்த ஊர் அது.

அதே ஆண்டு டிசம்பர் 1. புளோரிடாவில் ஜாக்சன்வில் திடல். அரை மைல் மண்பாதை, 200 சுற்று. மண்பாதையில் குதிரைத்திறன் மட்டும் செல்லாது. பாதை பள்ளமும் மேடுமாகப் பிளந்து கிடக்கும். ஸ்டீயரிங் உடையும், ஸ்பிரிங் முறியும். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று வண்டியோடு பேசத் தெரிந்தவனுக்குத்தான் அது இடம் கொடுக்கும். நெட் ஜாரெட்டிடம் வாங்கிய 1962 மாடல் பழைய செவர்லே. எண் 34. இன்னும் 25 சுற்று இருக்கும்போது, வண்டி கோளாறாகி இழுத்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டினார். 200 சுற்றும் முடிந்தது. வெற்றிக்கொடி அசையவில்லை. மேலும் சுற்றினார். கடைசியில் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டவர் பக் பேக்கர். கோப்பை அவர் கைக்குப் போனது, படம் எடுத்தார்கள், கூட்டம் கலைந்தது.

அந்தக் காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் எண்ணுவார்கள். வண்டி கோட்டைத் தாண்டத் தாண்டத் தாளில் குறிக்க வேண்டும். வண்டி ஓட்டியவன் கறுப்பன், பென்சில் வெள்ளைக்காரன் கையில். ஸ்காட் முறையிட்டார். சில மணி நேரம் தாளைப் புரட்டிவிட்டு, ஆமாம், நீதான் ஜெயித்தாய், அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில் என்று ஒத்துக்கொண்டார்கள். எண்ணிக்கையில் பிழை என்றார்கள். இரண்டு சுற்று என்றால் ஒரு மைல். ஒரு மைல் முன்னால் போகிற கார் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? வெள்ளைக்கார அழகி கறுப்பனின் கன்னத்தில் வெற்றி முத்தம் கொடுப்பதைக் கூட்டம் பார்க்கக்கூடாது என்றுதான் இத்தனையும் நடந்தது என்று ஸ்காட் நம்பினார். பரிசுப் பணம் தந்தார்கள். கோப்பையைத் தரவில்லை.

பணத்தைக் கொடுத்தார்கள், கோப்பையைக் கொடுக்கவில்லை என்பதை நாம் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கூலியை ஒளித்துக் கொடுத்துவிடலாம், மரியாதையை நாலு பேர் முன்னால்தான் கொடுக்க முடியும்.

1973-ல் இந்தத் தடவையாவது நல்ல வண்டியாக இருக்கட்டும் என்று கடன் வாங்கி ஒரு மெர்க்குரி காரை எடுத்தார். டாலடேகா திடலில் ஏகப்பட்ட வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்று மோதிய விபத்தில் அந்தக் கார் நொறுங்கியது. விலா எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. அதோடு பந்தய வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்தது. மெர்க்குரி போனது, கடன் நின்றது. 1977-ல் ஹாலிவுட் அவர் கதையை ரிச்சர்ட் பிரையரை வைத்துச் சிரிப்புப் படமாக எடுத்தது. அவர் டான்வில் பட்டறைக்கே திரும்பி, ஊரார் வண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். 1990 டிசம்பர் 23-ல் இறந்தார்.

பிறகுதான் மரியாதைகள் வரிசையாக வந்தன. 2015-ல் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் டேடோனாவில் அவர் குடும்பத்தாரை அழைத்து ஒரு கோப்பையைக் கொடுத்தது. 1963-ன் கோப்பை அல்ல, புதிதாகச் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் பப்பா வாலஸ் டாலடேகாவில் ஜெயித்தார். மேல்மட்டப் பந்தயத்தில் ஸ்காட்டுக்கு அடுத்து ஜெயித்த கறுப்பர் அவர். நடுவில் ஓடிப் போனவை ஐம்பத்தெட்டு ஆண்டுகள். வாலஸ் ஜெயித்தபோது கோப்பை அன்றைக்கே கைக்கு வந்தது.