தாய் அமைப்பைத் தேடும் மென்பொருள்: கட்டற்ற அறிவியல் கருவிகளும் நம் அறக்கட்டளைச் சட்டங்களும்

புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் பிற்பகுதியில் எழுந்தபின், ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தேங்கியது. முதலில் நகரக் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டக் கரையைத் தின்னத் தொடங்கியது. கரையைக் காக்கக் கடலுக்குள் கல்லால் கட்டும் தூண்டில் வளைவு வேண்டும் என்று மீனவர்கள் கேட்பதும், ஓரிடத்தில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே அடுத்த குப்பம் அரிபடுவதும் இக்கரையின் அன்றாட வழக்கு.

இந்த வழக்கில் யார் சொல்வது சரி என்று காட்ட ஒரு கணக்கு தேவை: எந்த ஆண்டில், எந்த இடத்தில், கரை எத்தனை மீட்டர் உள்வாங்கியது? முப்பது ஆண்டுகளுக்கு முன் இது அரசுத் துறையோ பெரிய ஆய்வு நிறுவனமோ மட்டும் போடக்கூடிய கணக்கு. இன்று ஒரு கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியில் போடலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கோஸ்ட்சாட் என்னும் பைத்தான் கருவி, ஒவ்வொரு படத்திலும் மணல், நீர், நுரை ஆகியவற்றைப் பிரித்தறிந்து கரைக்கோட்டை வரைகிறது. ஏறத்தாழ பத்து மீட்டர் பிழைக்குள் அது தரும் முப்பது நாற்பது ஆண்டுக் கோடுகள், ஒரு குப்பத்தின் மனுவுக்கு வலுவான பின்னிணைப்பு.

அக்கருவி தனித்து நிற்பதன்று. அதன் அடியில் நம்பை, சைபை, சைகிட்-இமேஜ், மேட்பிளாட்லிப் என்று அடுக்கடுக்காகக் கட்டற்ற நிரல் நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அசைந்தாலும் மேலே இருப்பது நின்றுவிடும். ஒரு சிறு எடுத்துக்காட்டு. நம்பையில் 'என்பி.ஃப்ளோட்' என்றொரு மாற்றுப்பெயர் இருந்தது. 2021 சனவரியில் வந்த 1.20ஆம் பதிப்பு, அதைக் கைவிடப்போவதாக எச்சரித்தது. 2022 டிசம்பரில் வந்த 1.24ஆம் பதிப்பு நீக்கிவிட்டது. நீக்கியதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால் 2019இல் ஓர் ஆய்வேட்டுக்காக எழுதப்பட்டு, எழுதியவர் பட்டம் பெற்றுப் போனபின் கேட்பாரற்றுக் கிடந்த எத்தனையோ நிரல்கள் அன்றோடு பிழைச்செய்தி காட்டி நின்றன. மாற்ற வேண்டியது ஒற்றைச் சொல்தான். அதை மாற்றி, சோதித்து, புதிய பதிப்பாக வெளியிட ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் கொடுக்க ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்கச் சட்டத்தின் கண்ணில் ஆளாகக் கருதப்படும் ஓர் அமைப்பு வேண்டும். இக்கட்டுரையின் அக்கறை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பற்றியது. தமிழ்நாட்டில் கட்டற்ற அறிவியல் மென்பொருளுக்குக் குறையாக இருப்பது நிரலாளரும் அல்ல, இப்போது பணமும்கூட அல்ல. பிறர் திட்டத்துக்காகப் பணம் வாங்கி, கணக்கு வைத்து, பதில் சொல்லக்கூடிய தாய் அமைப்பே இல்லை என்பது என் வாதம்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு 'ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப்' என்ற பெயரில் நன்கு வேரூன்றியது. பதிவுபெற்ற, வரிவிலக்குள்ள இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்று, பதிவுபெறாத திட்டத்தைத் தன் குடையின்கீழ் எடுத்துக்கொள்ளும். நன்கொடை தாய் அமைப்பின் பெயரில் வரும். ஒப்பந்தங்களில் அதுவே கையெழுத்திடும். வரிக்கணக்கை அதுவே தாக்கல் செய்யும். பணிக்கட்டணமாக, பொதுவாகப் பத்து விழுக்காடோ சற்றுக் கூடுதலோ, பிடித்துக்கொண்டு மிச்சத்தை அந்தத் திட்டத்துக்கென்றே செலவிடும். இதில் இரு வகை உண்டு. முதல் வகையில் திட்டம் தாய் அமைப்பின் உள்ளுறுப்பாகவே ஆகிவிடும். இரண்டாம் வகையில் திட்டத்தினர் தனியாக நிற்பர். தாய் அமைப்பு பணத்தை வாங்கி அவர்களுக்கு மானியமாகக் கைமாற்றும். இந்த வேறுபாடு இந்தியாவில் உயிர்நாடியானது, பின்னர் விளங்கும்.

டெபியன் இயங்குதளத்துக்காக 1997இல் தோன்றிய சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட் (எஸ்.பி.ஐ.), 2006இல் தோன்றிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி ஆகியவை முன்னோடிகள். அறிவியல் மென்பொருளுக்கென்றே 2012இல் உருவானது நம்ஃபோகஸ். நம்பை, பாண்டாஸ், ஜூப்பிட்டர், ஜூலியா, ஆஸ்ட்ரோபை, சிம்பை எனப் பலவும் இன்று அதன் குடையின்கீழ் இருக்கின்றன. இதற்கு எத்தகைய தேவை இருந்தது என்பதற்கு நம்பையின் வரலாறே சான்று. டிராவிஸ் ஒலிஃபன்ட் இரு பழைய நூலகங்களை இணைத்து 2006இல் அதன் முதல் முழுப்பதிப்பைக் கொண்டுவந்தார். உலகின் ஆய்வகங்கள் எல்லாம் அதன்மேல் நின்றன. ஆயினும் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட முதல் பெரிய நிதி, மூர் அறக்கட்டளையிடமிருந்து, 2017இல்தான் வந்தது. அதுவும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வழியாக வந்தது. நம்பையின் பெயருக்கு யாரும் காசோலை எழுத முடியாது. பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எழுதலாம்.

தனி அமைப்பாகப் பதிவுசெய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவிலேயே அது எளிதாக இருக்கவில்லை. யோர்பா என்னும் கட்டற்ற மென்பொருள் அமைப்பு வரிவிலக்குக்கு விண்ணப்பித்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. 2014இல் மறுப்புக் கடிதம்தான் வந்தது. மென்பொருளை ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே மாதிரி இலவசமாகக் கொடுப்பது அறமா என்பதில் வரித்துறைக்கு ஐயம்.

நம் ஊரில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. கோட்டக்குப்பத்தில் ஏழு பேர் கூடிச் சங்கம் பதிந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். எல்லை தாண்டி முத்தியால்பேட்டையில் பதிந்தால் 1860ஆம் ஆண்டின் சட்டம். அறக்கட்டளைப் பத்திரம் பதிவது இன்னும் எளிது. ஆக, பிறப்பு எளிது, பிழைப்புதான் கடினம். வரிவிலக்குக்கு ஒரு பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க இன்னொரு பதிவு, ஆண்டுத் தணிக்கை, நன்கொடையாளர் விவர அறிக்கை, காலமுறைப் புதுப்பிப்பு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி வரும் சமூகப் பொறுப்பு நிதியை வெளி அமைப்பொன்று வாங்க வேண்டுமானால், பொதுவாக இந்த இரு பதிவுகளோடு மூன்றாண்டுச் செயல்பாட்டையும் காட்ட வேண்டும். அதை மூன்று பேர் மாலை வேளைகளில் எழுதும் கரைக்கோட்டுக் கருவியோ தமிழ்ச் சொற்பகுப்பானோ எங்ஙனம் காட்டும்? பைத்தானில் தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நூலகம் முத்து அண்ணாமலையின் முயற்சியால் வளர்ந்தது. கணினி மொழியியலில் இறங்கும் நம் மாணவர் பலருக்கு அது முதற்படி. அத்தகைய ஒன்றைப் பராமரிப்பவர் தணிக்கையாளரைத் தேடி அலையும் நேரமெல்லாம் நிரலிலிருந்து களவாடப்பட்ட நேரம்.

இதைவிடப் பெரிய தடை வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம். 2010ஆம் ஆண்டின் அச்சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபோது முக்கியமாக மூன்று மாற்றங்கள் வந்தன. வெளிநாட்டுப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே இறங்க வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. மூன்றாவதாக, ஏழாம் பிரிவின்படி, வாங்கியவர் அப்பணத்தை வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது. முன்பு பதிவுபெற்ற ஓர் அமைப்பு பதிவுபெற்ற இன்னொன்றுக்குக் கொடுக்க இடமிருந்தது. அந்த வாசல் அடைபட்டது. மேலே சொன்ன இரு வகைகளில் கைமாற்று வகை, வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை, இங்கே முடிந்துபோனது.

இத்தடையைச் சுற்றி இன்று நடப்பது என்ன? அச்சட்டம் வணிக வழக்கில் செய்த பணிக்கான கூலியைப் பங்களிப்பாகக் கருதுவதில்லை. எனவே இந்திய நிரலாளர் வெளிநாட்டு அமைப்பின் ஒப்பந்தப் பணியாளராகி விலைப்பட்டியல் அனுப்பிச் சம்பளம் பெறுகிறார். தனி ஆளுக்கு இது நல்ல வழிதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் திட்டத்தின் வணிகக்குறி, இணையப் பெயர், இருப்புநிதி, முடிவெடுக்கும் உரிமை எல்லாம் கடல் கடந்தே இருக்கும். சிம்பையைப் பாருங்கள். கூகுள் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் வழியே இந்திய மாணவர் பலரின் உழைப்பு அதில் சேர்ந்திருக்கிறது. அதன் சட்டவழி வீடான நம்ஃபோகஸோ டெக்சாஸில் இருக்கிறது. இது யாருடைய சதியும் அல்ல. அங்கே வீடு இருந்தது, இங்கே இல்லை.

அப்படியொரு வீடு இங்கே இருந்ததே இல்லை என்று சொல்வதற்கில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியது. நூல்களைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக்க முடிவெடுத்தது. அதற்கு இங்கே பொறுப்பேற்க ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 'மொழி' அறக்கட்டளை முன்வந்தது. அதன் அரவணைப்பில் நூலகம் வளர்ந்து, பின்னர் தனக்கென அறக்கட்டளை அமைத்துக்கொண்டு பிரிந்தது. ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப் என்று அன்று யாரும் அதை அழைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் நல்ல தாய் அமைப்புக்கு வேண்டிய இரண்டும் அதில் இருந்தன: தோள்கொடுக்கும் காலத்தில் முழுப் பொறுப்பு, வளர்ந்தபின் தடையில்லாத பிரிவு.

இன்னும் பின்னே போனால் கோயில் கட்டளைகள். திருவாரூர் தியாகராசர் கோயிலின் கட்டளைகளுக்குத் தனித்தனி நோக்கமும் சொத்தும் பொறுப்பாளரும் உண்டு. ராஜன் கட்டளை தருமபுரம் ஆதீனத்தின் பொறுப்பில் வந்தது. கட்டளைக்கென எழுதிவைத்த நிலத்தின் வருவாயைக் கோயிலின் பொதுச் செலவுக்கு எடுக்கலாகாது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் இதைக் குறித்த பணிக்கான அறக்கொடை என்று தனியே வரையறுக்கிறது. குறித்த நோக்கத்துக்கான வக்ஃபிலும் அதன் நிர்வாகியான முத்தவல்லியின் கடமை இத்தகையதே. பெரிய அமைப்புக்குள் ஒரு சிறு நிதி, தன் நோக்கம் கலையாமல், தனிக் கணக்கோடு வாழ முடியும் என்பது நம் சட்ட மரபுக்குப் புதிதல்ல. மென்பொருளுக்கு வேண்டியதும் அப்படியொரு கட்டளைதான்.

இங்கிருந்து பார்த்தால் முதல் வகை, அதாவது திட்டம் தாய் அமைப்பின் உள்ளுறுப்பாவது, இந்தியச் சட்டத்துக்குள் வசதியாகப் பொருந்துகிறது. பணம் கைமாறுவதில்லை, ஆகவே ஏழாம் பிரிவு குறுக்கிடாது. உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டக் கரையை ஒட்டிய வானூர் வட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் அமைந்த ஆரோவில் ஃபவுண்டேஷனில், பல திட்டங்கள் தமக்கெனச் சட்ட ஆளுமை இல்லாமலேயே யூனிட்டி ஃபண்டின் வழியாக நன்கொடை பெற்று வந்திருக்கின்றன. ஆரோவிலின் நிர்வாகச் சச்சரவுகள் வேறு பொருள். கணக்கியல் ஏற்பாடாக அது ஆய்வுக்குரியது. அதே வட்டத்தின் மொரட்டாண்டியில் ஃபெரல் என்னும் சூழலியல் ஆய்வு அமைப்பு இருக்கிறது. விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்பிக்கும் வி.கிளக் இருக்கிறது. சென்னையில் கணியம் அறக்கட்டளை இருக்கிறது. இவர்கள் எவரும் பிறர் திட்டங்களைத் தாங்க முன்வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு அருகில் அறமும் அறிவும் திரண்டிருக்கையில் இந்த ஒரு பணிக்கு ஆளில்லாதது வருத்தம் தருகிறது.

உள்நாட்டுப் பணமும் இப்போது வரத் தொடங்கிவிட்டது. ஜெரோதா நிறுவனம் கட்டற்ற மென்பொருளுக்கென ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது. இந்தியப் பணமே ஆனாலும், வாங்கிக்கொள்ள ஆயத்தமாகக் கணக்கு வைத்திருப்பவர்க்கே அது எளிதில் போய்ச் சேரும்.

பல்கலைக்கழகங்களே இதைச் செய்யட்டும் என்போர் உண்டு. ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸி திட்டம் மத்திய அரசு நிதியில் கட்டற்ற அறிவியல் மென்பொருளை வளர்த்துவருவது அதற்கு ஆதரவான சான்று. ஆனால் அது அந்நிறுவனத்தின் சொந்தத் திட்டம். வெளியார் எழுதிய கருவியைப் பல்கலைக்கழகம் ஏற்றால், ஒரு சர்வர் வாடகைக்கே மூன்று விலைப்புள்ளியும் கோப்பும் குழுவும் என்று மாதங்கள் ஓடும். பொறுப்புப் பேராசிரியர் ஓய்வுபெற்றால் திட்டமும் ஓய்வுபெறும். நம்பைக்கு பெர்க்லி உதவியது போல ஒரு மானியத்துக்கு வாசலாக இருக்கலாம். நிலையான வீடாக அமைவது அரிது.

வலுவான எதிர்வாதம் வேறொன்று: தாய் அமைப்பே விழுந்தால்? 600க்கும் மேற்பட்ட முயற்சிகளைத் தாங்கிய ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் தன்னைக் கலைத்துக்கொள்வதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அத்தனை பேரும் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. இந்தியாவில் இந்த அச்சம் இரட்டிப்பு. வெளிநாட்டுப் பங்களிப்புப் பதிவு ரத்தானால் அப்பணமும் அதில் உருவான சொத்தும் அரசு குறிக்கும் அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். குடையின்கீழ் இருக்கும் குற்றமற்ற சிறு திட்டமும் சேர்ந்தே முடங்கும்.

ஆகவே தாய் அமைப்பாக முன்வருவோர், உள்நாட்டு நன்கொடையில் மட்டும் தொடங்குவதே அறிவு. வெளிநாட்டுப் பதிவை அவசரமாகத் தேட வேண்டாம். ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது பிரிவு விதி: எத்தனை நாள் அறிவிப்பில், எந்தத் தகுதியுள்ள அமைப்புக்கு, மிச்சப் பணமும் இணையப் பெயரும் வணிகக்குறியும் மாறும் என்பது. அடுத்தது தனிக் கணக்கு. ஒவ்வொரு திட்டத்தின் வரவுசெலவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தினர் கைக்கு வர வேண்டும். ஒரு திட்டத்தின் இருப்பை இன்னொன்றின் பற்றாக்குறைக்குத் தொடக்கூடாது. தொழில்நுட்ப முடிவுகளில் தாய் அமைப்புக்கு வாக்கு இருக்கக் கூடாது. நிரலின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கலாம். உரிமம் கட்டற்றதாக இருந்தால் போதும். பணிக்கட்டணம் எவ்வளவு, அது எதற்குச் செலவாகிறது என்பதை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு மூன்று திட்டங்களுக்கு மேல் ஏற்கத் தேவையில்லை. அவற்றுள் ஒன்று இக்கரையின் கரைக்கோடுகளைக் கணக்கிட்டு எல்லாக் குப்பங்களுக்கும் திறந்துவைக்கும் கருவியாக இருக்கலாம். அதற்குத் தேவை ஆண்டுக்கு ஒரு பராமரிப்பாளரின் பகுதிநேரச் சம்பளமும், சேமிப்பகச் செலவும், புதிய நம்பை பதிப்பு வரும்போதெல்லாம் நிரலைச் சோதித்துப் பார்க்க ஒரு வாரமும்.