ஆஃப்சைடு: கால்பந்தின் பதினோராம் விதி உருவான வரலாறு

கால்பந்து ஆட்டத்துக்கு இன்று மொத்தம் 17 விதிகள் உள்ளன. அவற்றுள் பதினோராவது விதி ஆஃப்சைடு. விதிப்புத்தகத்தில் அது பிடிக்கும் இடம் சில பக்கங்கள்தான். ஆனால் மைதானத்திலும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னும் அது கிளப்பும் வாக்குவாதத்துக்கு அளவில்லை. பந்து வலைக்குள் போய்விட்டது, கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்கிறது, கோட்டோரம் நிற்பவர் கொடியைத் தூக்கிவிடுகிறார். கோல் இல்லை என்கிறார்கள். ஏன் இல்லை என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் பாதி சொல்லி விட்டுவிடுவார்.

கிரிக்கெட்டில் ஊறிய நம் மாணவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. கிரிக்கெட்டில் ஆஃப் சைடு என்பது மட்டையாளருக்கு ஒரு பக்கமாக உள்ள மைதானப் பகுதி. கால்பந்து ஆஃப்சைடுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே 'சைடு' என்பது அணியைக் குறிக்கும். தன் அணியிடமிருந்து விலகி, எதிரணியின் எல்லைக்குள் போய் நிற்பவன் என்பதே ஆஃப்சைடின் தொடக்ககாலப் பொருள். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

இன்றைய விதி

முதலில் இன்றைய விதியைப் பார்த்துவிடுவோம். ஒரு வீரர் பந்தைத் தன் அணியினருக்கு அனுப்புகிறார். பந்து அவர் காலை விட்டுப் புறப்படும் அந்த நொடியில், அதே அணியைச் சேர்ந்த இன்னொருவர் எதிரணியின் பாதியில் நிற்கிறார். அவருடைய தலையோ உடலோ காலோ பந்தைவிடவும், எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் அவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். கைகள் கணக்கில் சேராது. அப்படி நிற்பது மட்டும் குற்றமாகாது. அந்த நிலையிலிருந்து பந்தைத் தொட்டாலோ, எதிராளியின் ஆட்டத்துக்குக் குறுக்கே நின்றாலோ, அந்த இடத்தில் நின்றதால் ஆதாயம் பெற்றாலோதான் குற்றம். கோல் கிக், கார்னர், பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது ஆகிய மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது.

'கடைசியிலிருந்து இரண்டாவது ஆள்' என்னும் சொற்றொடரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் கோல்கீப்பர்தான் கடைசி ஆளாக இருப்பார். ஆகவே, தடுப்பு வீரர்களில் கடைசியாக நிற்பவரைப் பார்த்தால் போதும் என்று பழகிவிடுகிறோம். ஆனால் கடைசி ஆள் கோல்கீப்பராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவின் கார்லோஸ் வேலா பந்தை வலைக்குள் தட்டினார். கோல் கோட்டருகே ஒரு தென்னாப்பிரிக்க வீரர் நின்றுகொண்டுதான் இருந்தார். இருந்தும் ஆஃப்சைடு என்று தீர்ப்பாயிற்று. உலகம் முழுவதும் பார்த்தவர்கள் திகைத்தார்கள். கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க முன்னால் வந்துவிட்டதால், வேலாவுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். தீர்ப்பு முற்றிலும் சரி. நூறு வார்த்தை விளக்கத்தைவிட இந்த ஒரு காட்சி மாணவர்களுக்கு நன்றாகப் புரியும்.

பள்ளிக்கூடங்களில் பிறந்த விதி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பெரிய உறைவிடப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கால்பந்து விதியை வைத்திருந்தன. ஈட்டன், ஹாரோ, ரக்பி, வின்செஸ்டர் என ஒன்றின் ஆட்டம் இன்னொன்றுக்குப் புரியாது. ஆனாலும் பந்துக்கு முன்னால் போய்க் காத்து நிற்பது இழிவான செயல் என்னும் எண்ணம் அவற்றில் பலவற்றிலும் இருந்தது. ஈட்டனில் அதற்கு வைத்திருந்த பெயருக்குப் 'பதுங்கிப் போதல்' என்று பொருள். ஆகவே இந்த விதி கோடு போட்டு அளக்கும் கணக்காகப் பிறக்கவில்லை. மானப் பிரச்சினையாகப் பிறந்தது. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களிலும் கோல் கம்பத்தருகே நின்றுகொண்டு, ஓடாமல் வியர்க்காமல் 'எனக்குப் போடுடா' என்று கத்தும் பையன் ஒருவன் இருப்பான். கோல் அவன் கணக்கில் ஏறும்போது மற்றவர்களுக்கு வரும் எரிச்சல்தான் இந்த விதியின் விதை.

எல்லா ஊரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1857இல் தொடங்கப்பட்ட ஷெஃபீல்டு சங்கம் அடுத்த ஆண்டு எழுதிய விதிகளில் ஆஃப்சைடே இல்லை. அங்கே எதிரணியின் கோலருகே ஆட்களை நிறுத்திவைத்து நீளமாகப் பந்தை உதைத்து அனுப்புவது வழக்கமாயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களின் விதிகளோ ஓர் இடைவழியைக் கண்டன. பந்துக்கு முன்னால் நிற்கலாம், ஆனால் தனக்கு முன்னே எதிரணியினர் மூவருக்கு மேல் இருக்க வேண்டும் என்றன. இன்று நாம் ஆட்களை எண்ணுகிறோமே, அதன் மூலம் இதுதான்.

1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் கூடிய சங்கங்கள் கால்பந்துச் சங்கத்தை நிறுவின. அந்த ஆண்டு இறுதிக்குள் வெளியான விதிகளில் ஆறாவது ஆஃப்சைடு விதி. அது மிகக் கடுமையானது. ஒருவர் பந்தை உதைக்கும்போது அவருக்கு முன்னால் இருக்கும் அவர் அணியினர் எவரும் அதைத் தொடக்கூடாது. பந்து கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைக்கப்பட்டால் மட்டுமே விலக்கு. பந்தை முன்னோக்கிக் கொடுக்கவே முடியாது என்பதால், ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டே போவார், மற்றவர்கள் அவர் பின்னால் ஓடுவார்கள். அவரிடமிருந்து பந்து பறிபோனால் பின்னால் வருபவர் அதைப் பொறுக்கிக்கொள்வார். ரக்பி ஆட்டத்தில் பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்னும் அடிப்படை இன்றுவரை நீடிக்கிறது. இரண்டு ஆட்டங்களும் ஒரு குடும்பம்தான் என்பதற்கு அது ஒரு சாட்சி.

மூன்று பேர் விதி

1866இல் சங்கம் விதியைத் தளர்த்தியது. பந்து பெறுபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருந்தால் போதும் என்றது. என் பார்வையில் கால்பந்து வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. பந்தை முன்னோக்கிக் கொடுக்கலாம் என்று ஆன அன்றுதான் இன்று நாம் காணும் ஆட்டம் தொடங்கியது.

ஆனால் விதி மாறியதும் வழக்கம் மாறிவிடவில்லை. இங்கிலாந்தின் கனவான்கள் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதையே வீரம் என்று தொடர்ந்து நினைத்தார்கள். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் பன்னாட்டு ஆட்டத்தில் ஸ்காட்லாந்து அணியினர் அனைவரும் குயின்ஸ் பார்க் சங்கத்தவர். உடல் எடையில் குறைந்த அவர்கள், பந்தை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்து ஆடி இங்கிலாந்தைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆட்டம் கோலின்றி முடிந்தது. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது ஒரு பாடம்.

ஷெஃபீல்டு சங்கங்கள் 1877இல் லண்டன் விதிகளுக்குள் வந்து சேர்ந்தன. 1886இல் நான்கு பிரித்தானியச் சங்கங்களும் கூடிப் பன்னாட்டு விதி வாரியத்தை அமைத்தன. விதியை மாற்றும் அதிகாரம் இன்றும் அந்த வாரியத்திடமே உள்ளது. 1891இல் மைதானத்துக்குள் நடுவரும் பக்கக் கோடுகளில் கொடியுடன் லைன்ஸ்மேன்களும் வந்தார்கள். 1907இல் சொந்தப் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு இல்லை என்று ஆயிற்று.

மெக்கிராக்கனின் பொறி

மூன்று பேர் விதியில் ஓர் ஓட்டை இருந்தது. அதை முழுதாகப் பயன்படுத்தியவர் பெல்ஃபாஸ்டில் பிறந்து நியூகாசில் யுனைடெட் அணிக்கு ஆடிய பில் மெக்கிராக்கன். அக்காலத்தில் ஓர் அணிக்குப் பின்வரிசையில் இருவர்தான். அவர்களோடு கோல்கீப்பரைச் சேர்த்தால் மூவர். முன்கள வீரருக்கு முன்னே இந்த மூவரும் இருந்தால் அவர் பந்து வாங்கலாம். பந்து உதைக்கப்படப் போகும் நேரத்தில் பின்வரிசை இருவரில் ஒருவர் மட்டும் நாலடி முன்னே வந்துவிட்டால் மீதம் இருவர்தான். முன்கள வீரர் ஆஃப்சைடு.

இதில் உள்ள தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். கணிப்பு பிசகிப் பொறி நழுவிவிட்டாலும் அணிக்குப் பெரிய ஆபத்து இல்லை. இன்னொரு பின்வரிசை வீரர் கோல்கீப்பருக்குத் துணையாக அங்கேயே நிற்கிறார். இலாபம் முழுதும் தடுப்பவருக்கு, நட்டம் ஏறக்குறைய இல்லை. அப்படிப்பட்ட வியாபாரத்தை யார் விடுவார்கள்? மற்ற அணிகளும் பிடித்துக்கொண்டன. முன்கள வீரர்கள் மைதானத்தின் நடுவிலேயே முடங்கினார்கள். விசில் ஓயவில்லை. நியூகாசிலுக்கு ஆட வந்த ஓர் அணியின் ரயில் நிலையத்தில் நின்றதாம். கார்டு விசில் ஊதினாராம். 'அதற்குள் ஆஃப்சைடா!' என்று ஒரு வீரர் சலித்துக்கொண்டாராம். நடந்ததோ இல்லையோ, காலத்தின் மனநிலை அதில் இருக்கிறது.

மெக்கிராக்கன் 1923இல் ஹல் சிட்டியின் மேலாளராகப் போய்விட்டார். அவரோடு ஆடிய ஃபிராங்க் ஹட்ஸ்பெத் நியூகாசிலில் தொடர்ந்தார், பொறியும் தொடர்ந்தது. 1925 பிப்ரவரியில் பரி அணியுடன் கோலின்றி முடிந்த ஆட்டம், அந்தப் பருவத்தில் நியூகாசிலின் ஆறாவது கோலற்ற ஆட்டம்.

1925 மாற்றம்

கால்பந்துச் சங்கம் இரண்டு மருந்துகளைச் சோதித்தது. ஒன்று, மூவர் என்பதை இருவராகக் குறைப்பது. மற்றொன்று, கோலிலிருந்து 40 கஜத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு உட்பட்ட பகுதியில் மட்டும் ஆஃப்சைடு வைப்பது. சோதனை ஆட்டங்களில் ஒரு பாதியை ஒரு விதியிலும் மறுபாதியை இன்னொரு விதியிலும் ஆடிப் பார்த்தார்கள். முதல் வழி வென்றது. கோடு போடும் யோசனை அத்தோடு சாகவில்லை. 1973இலிருந்து சுமார் பத்தாண்டுகள் வட அமெரிக்க லீகில் 35 கஜக் கோட்டுடன் ஆடினார்கள்.

1925 ஜூனில் விதி வாரியம் 'மூவர்' என்பதை 'இருவர்' ஆக்கியது. மாறியது ஒரே ஓர் எண். விளைவு என்ன? 1924-25 பருவத்தில் இங்கிலாந்து லீகின் எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து 1,848 ஆட்டங்களில் 4,700 கோல்கள் விழுந்தன. அடுத்த பருவத்தில் அதே எண்ணிக்கை ஆட்டங்களில் 6,373. புதிய விதியின் முதல் நாளிலேயே ஆஸ்டன் வில்லா பர்ன்லியை 10-0 என்று வென்றது. 1927-28இல் எவர்ட்டனின் டிக்ஸி டீன் ஒரே லீக் பருவத்தில் 60 கோல் போட்டார். அந்தச் சாதனையை இங்கிலாந்து முதற்பிரிவில் இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

காரணம் எளிது. இனிமேல் பொறி வைக்க வேண்டுமானால் பின்வரிசை இருவருமே முன்னால் போக வேண்டும். பிசகினால் கோல்கீப்பர் மட்டும்தான் மிச்சம். இலவசமாகக் கிடைத்த பொறிக்கு இப்போது விலை வந்துவிட்டது.

தடுப்பாட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1925 அக்டோபர் 3 அன்று ஆர்சனல் அணி நியூகாசிலிடம் 7-0 என்று நொறுங்கியது. மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனும் வீரர் சார்லி புக்கனும் பேசி, நடுக்கள மைய வீரரைப் பின்னே இழுத்து மூன்றாவது தடுப்பு வீரராக நிறுத்தினார்கள். இதிலிருந்து வளர்ந்ததுதான் 'டபிள்யூ எம்' என்னும் அணிவகுப்பு. 1930-31இல் ஆர்சனல் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது இந்த முறையில்தான்.

கண்ணும் கேமராவும்

அதன்பின் 65 ஆண்டுகள் பெரிய மாற்றமில்லை. 1990இல், கடைசியிலிருந்து இரண்டாவது ஆளுக்குச் சமமாக நிற்பவர் ஆஃப்சைடு இல்லை என்று திருத்தினார்கள். அதே ஆண்டின் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்தான். உலகக் கோப்பை வரலாற்றில் அதுவே மிகக் குறைவு. பின்னர் வந்த திருத்தங்களும் தாக்குபவர் பக்கமே சாய்ந்தன.

விதி தளரத் தளர, அதை அமல்படுத்துவது கடினமாயிற்று. லைன்ஸ்மேன் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். பந்து புறப்படும் கால் ஒரு பக்கம், 30 மீட்டர் தள்ளி ஓடும் வீரர் இன்னொரு பக்கம். தடுப்பு வீரருக்கு நேர்க்கோட்டில் நிற்காமல் ஓரடி முன்னும் பின்னும் இருந்தாலே கோணம் கண்ணை ஏமாற்றிவிடும் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். 2010 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் தெவேஸ் தெளிவான ஆஃப்சைடு நிலையிலிருந்து கோல் போட்டார். மைதானத்தின் பெரிய திரையில் அதைக் கூட்டமே பார்த்தது. கோல் மட்டும் நின்றது.

2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி நடுவர் முறை வந்தது. பெரிய தவறுகள் குறைந்தன. புதிய சங்கடம் ஒன்று முளைத்தது. 2019 நவம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக லிவர்பூலின் ஃபிர்மினோ போட்ட கோல், அக்குள் அளவு முன்னால் இருந்தார் என்று ரத்தாயிற்று. இங்கே ஒரு பள்ளிக் கணக்கு. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.02 நொடி. நொடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர் அதற்குள் 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டது எந்தப் படத்தில் என்பதிலேயே ஐயம் இருக்கும்போது, ஓரிரு செ.மீ. கணக்கில் கோலை ரத்து செய்வது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. பதுங்கி நிற்பவனைத் தடுக்க வந்த விதி, நேர்மையாக ஓடிவந்தவனின் அக்குளை அளக்கும் நிலைக்கு வந்ததைக் கால்பந்து ரசிகர் பலரும் மகிழ்ச்சியோடு பார்க்கவில்லை.

2022 கத்தார் உலகக் கோப்பையில் இந்தக் குறையைப் பெருமளவு சரி செய்தார்கள். கூரையடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. தொடக்க ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா போட்ட கோல் ரத்தானது.

அதே தொடரில் நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா அர்ஜென்டினாவை எதிர்கொண்டது. அர்ஜென்டினா அதற்குமுன் தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்கவில்லை. பயிற்சியாளர் எர்வே ரெனார் தன் பின்வரிசையை நடுக்கோட்டை நோக்கி ஏற்றி நிறுத்தினார். முதல் பாதியில் மெஸ்ஸி போட்ட ஒரு கோலும் லவுத்தாரோ மார்த்தினெஸ் போட்ட இரண்டும் ஆஃப்சைடாகப் போயின. சவுதி 2-1 என்று வென்றது. 1925இல் விலை வைக்கப்பட்ட மெக்கிராக்கனின் பொறியை அந்த விலைக்கே வாங்கி வைத்தார் ரெனார். கேமரா இருந்ததால் லைன்ஸ்மேனின் கண் பிசகுமோ என்ற கவலை மட்டும் அவருக்கு இல்லை.

இப்போது இன்னொரு யோசனை பேசப்படுகிறது. முன்னாள் ஆர்சனல் மேலாளரும் ஃபிஃபா அதிகாரியுமான ஆர்சென் வெங்கர் முன்வைத்தது அது. தாக்குபவரின் உடலில் கோல் போடக்கூடிய ஏதேனும் ஒரு பகுதி தடுப்பவருக்குச் சமமாக இருந்தாலே அவர் ஆஃப்சைடு இல்லை, இருவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால்தான் ஆஃப்சைடு என்பது அதன் சாரம். இளையோர் ஆட்டங்களில் அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கோல்கள் கூடும் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். தடுப்பு வீரர்கள் பயந்து தங்கள் கோலருகே குவிந்துவிடுவார்கள், ஆட்டம் இன்னும் இறுகும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.