இரத்தமில்லாத சீனி: மேப்பிள் பாணியின் கதை

ரொறன்ரோவில இருந்து வந்த மாமி எங்களுக்குக் கொண்டுவந்த சாமானுக்குள்ள ஒரு போத்தல் மேப்பிள் பாணியும் இருந்தது. பாணுக்கு ஊத்திச் சாப்பிட்டு அலுத்துப்போய், மிச்சத்தில கரமல் செய்து பார்ப்பம் எண்டு வெளிக்கிட்டன். செய்முறை லேசுதான். பாணியோட பட்டரும் கிறீமும் சேர்த்து 118 பாகை செல்சியஸ் வரும்வரை காய்ச்சவேணும். வெப்பமானி இல்லாட்டில் எங்கட பழைய வழி இருக்கு: ஒரு துளியைக் குளிர்தண்ணியில விட்டால் விரலால உருட்டக்கூடிய பதத்தில நிக்கவேணும். பிறகு தட்டில ஊத்தி, தொடாமல் ஆறவிடவேணும்.

நான் தொட்டன். ஆறட்டும் எண்டு அகப்பையால சும்மா கலக்கிக்கொண்டே இருந்தன். மினுங்கிக்கொண்டிருந்த பாகு கலங்கி, மண்மாதிரி நறநறத்துப்போச்சு. அம்மா வாயில போட்டுப் பார்த்திட்டு, "இது டொபி இல்லைப் பிள்ளை, சீனி" எண்டா.

அம்மா சொன்னது சரி. மேப்பிள் பாணியில இருக்கிற இனிப்பு பெரும்பாலும் நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுற அதே சீனிதான். வற்றக் காய்ச்சின பாகை ஆறும்போது கலக்கினால் அது திரும்பவும் மணியாகக் கட்டிப்போகும். என்ர சமையலில பிழையாப் போன இந்த வேலையை, வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்கள் வேண்டுமென்றே செய்துவந்தார்கள் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

பனி உருகத் தொடங்கும் மாதத்துக்கு அவர்களுடைய மொழியில் 'சாறு வற்றக் காய்ச்சும் நிலா' என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. இரவில் உறைகுளிர், பகலில் கொஞ்சம் வெயில் என்று மாறிமாறி வரும் அந்தச் சில வாரங்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு வடியும். நாங்கள் பனையில் பாளையைச் சீவுகிறோம். அவர்கள் அடிமரத்தில் வெட்டி, பூர்ச்ச மரப்பட்டையால் செய்த ஏனங்களில் சாற்றை ஏந்தினார்கள். ஏறக்குறைய 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாணி கிடைக்கும். அவர்கள் அதோடு நிற்கவில்லை. இன்னும் காய்ச்சி, மரத்தொட்டியில் ஊற்றி, துடுப்புப் போன்ற கட்டையால் விடாமல் கலக்கிச் சீனியாக்கினார்கள். பாணி புளித்துப்போகும், சீனி மரப்பட்டைப் பெட்டியில் அடுத்த வருசம்வரை கிடக்கும். மீனுக்கும் இறைச்சிக்கும் உப்புக்குப் பதிலாக அதைத்தான் போட்டார்கள். பிரான்சிஸ் டென்ஸ்மோர் என்ற ஆய்வாளர் 1928இல் வெளியிட்ட நூலில் இந்த வேலைகளையெல்லாம் பதிந்திருக்கிறார். காய்ச்சுவதும் கலக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை.

இந்தச் சீனி உலக அரசியலுக்குள் வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். அந்தக் காலத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தேநீரில் கரைத்த சீனி, கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃபொக்ஸ் எழுதிய ஒரு சின்னப் பிரசுரம், இந்தச் சீனியை வாங்குகிறவரும் குற்றவாளிதான் என்று வாதிட்டது. சுமார் 3 இலட்சம் பேர் சீனியைக் கைவிட்டதாக அடிமைமுறை எதிர்ப்பாளர் தோமஸ் கிளார்க்சன் கணக்கிட்டார்.

அதே வருசம் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர், அப்போது அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த தோமஸ் ஜெபர்சனுக்கு மேப்பிள் மரத்தைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். காட்டில் சும்மா நிற்கும் மரம், உழவேண்டாம், நடவேண்டாம், ஒரு குடியானவர் குடும்பமே காய்ச்சி எடுக்கலாம். இந்தச் சீனி பெருகினால் கரும்புச் சீனி தேவையில்லாமல் போகும், அடிமைமுறையும் ஆட்டங்காணும் என்பது அவருடைய நம்பிக்கை. சுருக்கமாகச் சொன்னால், இரத்தமில்லாத சீனி.

வாசிக்கும்போது எனக்கும் புல்லரித்தது. கொஞ்சம் தோண்டினபிறகுதான் நறநறப்புத் தெரிந்தது.

ரஷ் அந்தக் கடிதத்தை எழுதினபோது அவருடைய வீட்டிலேயே ஓர் அடிமை இருந்தார். ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவரும் உற்சாகமாகி, வெர்ஜீனியாவில் தன்னுடைய மொண்டிசெலோத் தோட்டத்தில் மேப்பிள் கன்றுகளை நடுவித்தார். பெரும்பாலானவை பட்டுப்போயின.

காட்டில் 'சும்மா நின்ற' மரங்களின் கதை இன்னும் மோசம். மேப்பிள் சீனியைப் பெரிய வியாபாரமாக்க முயன்றவர்களில் ஒருவர் வில்லியம் கூப்பர். நியூயோர்க் மாநிலத்தில் ஒட்சீகோ ஏரிக்கரையில் 1786இல் குடியேற்றம் தொடங்கியவர். அதற்கு ஏழு வருசம் முன்னர், 1779இல், வொஷிங்டனின் கட்டளைப்படி போன படைகள் ஹோடெனோஷோனி மக்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை எரித்து, சோளக் கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் அழித்தன. அந்தப் படைகளில் ஒரு பிரிவு புறப்பட்டது இதே ஒட்சீகோ ஏரியிலிருந்துதான். அடிமையில்லாத சீனியைக் கனவு கண்டவர்களுக்கு, அந்த மரங்களுக்குக் கீழே ஏற்கெனவே ஆக்கள் இருந்தார்கள் என்பது கண்ணில் படவேயில்லை.

திட்டமும் சரிவரவில்லை. சாறு வடிகிறது சில வாரங்கள்தான், அதுவும் காலநிலை ஒத்துழைத்தால். வந்து குடியேறியவர்கள் காட்டை வெட்டி எரித்து, சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுத்து விற்றார்கள். உடனே காசு கிடைத்தது அதில்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புச் சீனியும் பீற்றூட் சீனியும் மலிந்தபிறகு, மேப்பிளைச் சீனியாக்கிப் போட்டிபோட முடியவில்லை. அதனால்தான் அது பாணியாகத் தகரத்திலும் போத்தலிலும் அடைபட்டுத் தனிச் சுவைப் பொருளானது. இன்று உலகத்தின் மேப்பிள் பாணியில் பெரும்பங்கு கியூபெக்கிலிருந்து வருகிறது.

இதையெல்லாம் தூரத்து நாட்டுக் கதை எண்டு விட்டிடலாம். ஆனால் எங்கட வீட்டிலயும் பனங்கட்டி இருக்கு. வெள்ளைச் சீனி கூடாது, பனங்கட்டிதான் சுத்தம், அது எங்கட மண்ணின்ர இனிப்பு எண்டு பெருமையாச் சொல்லுறம். அந்தப் பனையில ஏறிப் பாளை சீவின மனிசருக்கு 1960களிலும் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில மற்றவையோட சமமா இருந்து குடிக்க விடேல்லை. அவையின்ர கையால வந்த இனிப்பு உள்ளே வரலாம், அவை வரேலாது. பெருமை பேசுற எத்தினை கட்டுரையில இதைச் சேர்த்து எழுதுறம்?

ரஷ்ஷை நான் போலி எண்டு சொல்லேல்லை. மூன்று வருசம் கழித்து, 1794இல், அவர் அந்த அடிமையை விடுவித்தார். சீனியைக் கைவிட்ட அந்த இலட்சக்கணக்கானவர்களும் உண்மையாகவே ஒரு கொடுமைக்கு எதிராக நின்றவர்கள். அவர்கள் சீனி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார்கள். அது நல்ல கேள்வி. புதுச் சீனியைக் கண்டவுடன் ரஷ்ஷும் நண்பர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

என்ர நறநறத்த கரமலை ஒரு போத்தலில போட்டு வைச்சிருக்கிறம். அப்பா பிளேன் ரீக்குக் கடிச்சுக் குடிக்கிறார். மாமி கொண்டுவந்த போத்தல் இன்னும் குசினியில நிக்குது, '100 வீதம் தூயது' எண்ட லேபிளோட.